மூத்தவள் துணையான வரலாறு: சென்னை மாகாணம் முதல் தமிழ்நாடு வரை மருத்துவச்சியின் தொழில்

செவிலியர் பட்டயம் முடித்து வெளிவரும் ஒரு பெண்ணின் பதிவுச் சான்றில் இரண்டு தொழில்கள் இருக்கின்றன. அவர் பதிவு பெற்ற செவிலியர். பதிவு பெற்ற மருத்துவச்சியும்கூட. ஆனால் மருத்துவமனையில் அவரை 'சிஸ்டர்' என்கிறார்கள், ஊரில் 'நர்சம்மா' என்கிறார்கள். மருத்துவச்சி என்று யாரும் அழைப்பதில்லை, அவரும் தம்மை அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. சான்றில் சரிபாதியாக நிற்கும் ஒரு தொழில் பேச்சிலிருந்தும் பணியிடப் பட்டியலிலிருந்தும் எப்படி மறைந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கேள்வி முக்கியமானது. ஏனென்றால் இந்த மண்ணில் செவிலியர் பயிற்சியைவிட மருத்துவச்சிப் பயிற்சி மூத்தது. சென்னையில் மருத்துவச்சிகளுக்கான பயிற்சிப் பள்ளிக்கு அரசு 1854இல் ஒப்புதல் தந்ததாகச் செவிலியர் வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி நான்கே மாணவிகளோடு தொடங்கியது 1871இல்தான். மூத்தவள் இளையவளுக்குத் துணையாக்கப்பட்டது அதற்கும் 80 ஆண்டுகள் கழித்து.

பெயரும் கையும்

'மருத்துவச்சி' என்பது 'மருத்துவன்' என்பதன் பெண்பால். மொழி அவளைச் சிறுமைப்படுத்தவில்லை, ஊர்தான் சிறுமைப்படுத்தியது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளில், நாவிதர் சமூகத்தின் ஆண்கள் முடி திருத்துவதோடு மருத்துவமும் செய்வதையும், பெண்கள் பேறு பார்ப்பதையும் பதிவு செய்தார். அச்சமூகம் இன்றும் 'மருத்துவர்' என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. பிறப்பும் தீட்டாகவே எண்ணப்பட்டதால், அதைத் தொடும் வேலை சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்ட பெண்களிடம் விடப்பட்டது.

வலி கண்டதும் அவளுக்கு ஆள் போகும். வந்தவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக் குழந்தை கிடக்கும் வாக்கை அறிவாள்; இடுப்பில் எண்ணெய் தேய்ப்பாள்; தாயை நடக்கவும் குந்தவும் வைப்பாள்; தொப்புள் கொடி அறுத்து, நஞ்சுக்கொடி விழும்வரை காத்திருப்பாள். அதோடு அவள் வேலை முடியாது. பல நாட்கள் வந்து பிள்ளையைக் குளிப்பாட்டி, தாய்க்கு வெந்நீர் ஊற்றிவிட்டுப் போவாள். கூலி நெல்லாக வரும், புடவையாக வரும், சில வீடுகளில் வெற்றிலை பாக்கோடு நின்றுவிடும்.

திருச்சி மலைக்கோட்டையில் இருக்கும் இறைவனின் பெயர்க் காரணத்தையும் இங்கே நினைக்க வேண்டும். காவிரி வெள்ளத்தில் தாய் வர முடியாமல் போக, தவித்த பெண்ணுக்குச் சிவன் அவள் தாயின் உருவில் வந்து பேறு பார்த்தார் என்கிறது தலபுராணம். தாயுமானவர் ஆனார். பேறுகாலத்தில் உயிர் காப்பது பக்கத்தில் வந்து நிற்கும் ஒரு துணைதான் என்பதைத் தமிழ் மனம் எவ்வளவு ஆழமாக அறிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலமாக்குவது பொய். குழந்தை குறுக்கே கிடந்தால், நஞ்சுக்கொடி விழாமல் உதிரம் கொட்டினால், வலிப்பு வந்தால் அவள் கையில் மருந்தில்லை. சுத்தமற்ற கருவியால் கொடி அறுக்கப்பட்ட பிள்ளைகள் சில நாட்களில் விறைத்து இறந்தன. பல ஊர்களில் இது நடந்தது.

எழும்பூர்

1844இல் சென்னையில் தொடங்கப்பட்ட பேறுகால மருத்துவமனை 1882இல் எழும்பூரில் இன்றுள்ள இடத்துக்கு வந்தது. அது தொடங்கி மூன்று ஆண்டுகள் கழித்து, 1847இல், வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் ஒரு கசப்பான உண்மையைக் கண்டறிந்தார். பிணவறுப்பு முடித்துவிட்டு நேரே பிரசவ அறைக்கு வந்த மருத்துவ மாணவர்களின் பிரிவில் தாய்மார்கள் கூட்டமாக இறந்தார்கள். மருத்துவச்சிகள் பயின்ற பிரிவில் இறப்பு மிகக் குறைவாக இருந்தது. அழுக்குக் கையின் குற்றத்தைக் கிராமத்து மருத்துவச்சி மேல் மட்டுமே ஏற்றிய பிற்கால அறிக்கைகளைப் படிக்கும்போது இந்தச் செய்தி என் நினைவை விட்டு அகல்வதில்லை.

சென்னையின் அந்தப் பேறுகால மருத்துவமனையில் பயின்றவர்களில் ஒருவர் மேரி ஷார்லிப். ஒரு பாரிஸ்டரின் மனைவியாகச் சென்னைக்கு வந்தவர். வைத்திய உதவி இன்றிப் பெண்கள் இறப்பதைக் கேள்விப்பட்டு, முதலில் மருத்துவச்சிப் பயிற்சியில் சேர்ந்தார். அது போதாது என்று உணர்ந்து, 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் இடம்பெற்ற முதல் நான்கு பெண்களில் ஒருவரானார். லண்டனில் மேற்படிப்பை முடித்துத் திரும்பி, வெளியே வரத் தயங்கிய பெண்களுக்கென 1885இல் மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக இருப்பது அதுதான். அவருக்கு மருத்துவச்சிப் பயிற்சி மருத்துவர் ஆவதற்கான முதல் படியாக இருந்தது. அதே பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்களுக்கு அதற்கு மேல் படி வைக்கப்படவில்லை.

அதே 1885இல் இந்தியப் பெண்களுக்குப் பெண் மருத்துவ உதவி கிடைக்க டஃபரின் நிதி உருவானது. 1903இல் விக்டோரியா நினைவு உதவித்தொகை நிதி பரம்பரை மருத்துவச்சிகளுக்குச் சுத்தம் கற்றுக்கொடுக்க முனைந்தது. நோக்கம் நல்லது. ஆனால் குழந்தை மணம், இரத்தசோகை, மலேரியா, அரைவயிற்றுக் கஞ்சி ஆகிய எல்லாம் சேர்ந்து கொன்ற பெண்களின் சாவுக்கு ஒற்றைக் குற்றவாளியாக அந்த ஏழைக் கிழவி நிறுத்தப்பட்டாள். அவளுக்குத் தெரிந்ததை யாரும் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. அவளுக்குத் தெரியாதது மட்டுமே பதிவானது.

சட்டமும் பதிவேடும்

1910களின் பிற்பகுதியில் சென்னை மாநகராட்சி குழந்தை நலத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளை வீடுகளுக்கே அனுப்பியது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பள்ளியைத் திறந்திருந்தார். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து தங்கள் மனைவியரின் பேறுக்கு ஒரு பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்டதும், ஆண் மருத்துவரை ஏற்க மறுத்ததும், மூன்று பெண்களும் இறந்ததும் அவரை மருத்துவத் தொழிலுக்கு இழுத்தன. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி 1912இல் பட்டம் பெற்றதும் பணியாற்றியது எழும்பூரில்தான்.

1926இல் சென்னை மாகாணச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் வந்தது. இங்கிலாந்தில் மருத்துவச்சிகளுக்கென்றே தனிச் சட்டம் 1902இல் வந்திருந்தது. இங்கே இருவரும் ஒரே சட்டத்தில் கட்டப்பட்டார்கள், செவிலியர் பெயர் முன்னே வந்தது. சட்டம் மருத்துவச்சிக்கு ஒரு பதிவு எண்ணையும் மரியாதையையும் தந்தது என்பதை மறுக்கக் கூடாது. ஆனால் அதே சட்டத்தின் பிற்காலத் திருத்தங்களைச் சேர்த்துப் பார்த்தால் செவிலியர், மருத்துவச்சி, சுகாதாரப் பார்வையாளர், துணைச் செவிலியர்–மருத்துவச்சி, தாயி என ஐந்து படிகள் தெரிகின்றன. பரம்பரை அறிவு கடைசிப் படியில் உட்கார்ந்திருக்கிறது.

நாட்டின் சுகாதாரத்தை ஆராய்ந்த போர் (Bhore) குழுவின் அறிக்கை 1946இல் வெளியாகி, நாட்டின் நிலையை எண்களில் காட்டியது. ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் தாய்மார்கள் பேறுகாலத்தில் இறந்தார்கள். 1,000 உயிருள்ள பிறப்புகளுக்கு 20 தாய்மார் இறப்பு. பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளோ நாடு முழுவதும் ஏறத்தாழ 5,000 பேர். இந்தப் பள்ளத்தை விரைவாக நிரப்ப வேண்டியிருந்தது. இந்தியச் செவிலியர் மன்றம் வகுத்த இரண்டாண்டுப் படிப்பு 1951இல் பஞ்சாபின் தரன் தாரனில் தொடங்கியது. படித்து வந்தவருக்கு இடப்பட்ட பெயர் துணைச் செவிலியர்–மருத்துவச்சி. 'ஏஎன்எம்' என்று இன்றும் எல்லோரும் சொல்வது இவரைத்தான்.

அந்தத் 'துணை' என்ற சொல் இலக்கணப்படி செவிலியரை மட்டுமே தழுவுகிறது. நடைமுறையில் அது இரண்டையும் கீழிறக்கியது. தனியாக நின்று பேறு பார்க்க வேண்டியவர், யாரோ ஒருவருக்கு உதவியாளராக எண்ணப்பட்டார். அந்த யாரோ ஒருவர் கிராமத்தில் இல்லவே இல்லை.

பல வேலைக்காரி

1973இல் கர்த்தார் சிங் குழு, தனித்தனி நோய்த் திட்டங்களின் ஊழியர்களை ஒன்றாக்கிப் பலநோக்குப் பணியாளர்களாக மாற்றப் பரிந்துரைத்தது. ஏஎன்எம், பெண் பலநோக்குப் பணியாளர் ஆனார். வேலைகள் பெருகின, பயிற்சிக் காலமோ இரண்டு ஆண்டிலிருந்து 18 மாதமாகச் சுருங்கியது. தடுப்பூசி, ஊட்டச்சத்து, காய்ச்சல் கணக்கு, எல்லாவற்றுக்கும் மேலாகக் குடும்பக் கட்டுப்பாடு. இலக்குக்கு ஆள் திரட்டுவதைக் 'கேஸ் பிடிப்பது' என்று அவர்கள் சொன்னார்கள். பேறு பார்க்கப் போன வீட்டிலேயே அடுத்த பிள்ளை வேண்டாம் என்று பேச வேண்டிய நெருக்கடி. நள்ளிரவில் கதவைத் தட்டியவர்களுக்கு எழுந்து போகிற பெண்ணைப் பற்றி மேலதிகாரி கேட்டது எத்தனை கேஸ் என்றுதான். 1996 ஏப்ரலில் அந்த இலக்குமுறை நாடு முழுவதும் கைவிடப்பட்டபோது, அந்தத் தலைமுறை ஏஎன்எம்களின் பணிக்காலம் பெரும்பாலும் அதிலேயே கழிந்திருந்தது.

தமிழ்நாடு 1980களில் டென்மார்க் அரசின் உதவியோடு கிராம சுகாதார அமைப்பை விரிவாக்கியது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், ஒரு கிராம சுகாதார செவிலியர் (ஏஎன்எம்முக்குத் தமிழ்நாட்டில் வழங்கும் பெயர்) என்ற கணக்கு. இன்று சுமார் 8,700 துணை நிலையங்கள். கருவுற்ற பெண்ணின் பெயரை முதலில் எழுதுபவர், இரத்தசோகையை முதலில் கவனிப்பவர், ஆபத்தென்றால் வண்டியேற்றி அனுப்புபவர் இவரே. 1990களில் தொடங்கிய தாய் இறப்புத் தணிக்கை, 24 மணிநேர ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று பணிமுறைகளில் பணியாற்ற மூன்று செவிலியர்கள், 2008 முதல் 108 ஊர்தி என்று தொடர்ந்து வந்தவை எல்லாம் இவர் போட்ட அடித்தளத்தின் மேல்தான் நிற்கின்றன. பலன் கண்கூடு. 2018–20 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய் இறப்பு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54.

ஆனால் இதே காலத்தில்தான் பேறு பார்க்கும் கை கிராம சுகாதார செவிலியரிடமிருந்து நழுவியது. பேறுகள் நிலையங்களுக்கு நகர, அவர் பதிவேடும் கணினியும் பார்ப்பவரானார். பேறு பார்க்கும் வேலை ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் வந்தது. மருத்துவர் இல்லாத இரவுகளில் அங்கே பிறக்கும் குழந்தைகளைக் கையில் ஏந்துபவர் அவர். அதிகாரமோ மெதுவாகத்தான் வந்தது. பேறுக்குப் பின் உதிரப்போக்கை நிறுத்தும் மருந்தையும் வலிப்புக்கு மெக்னீசியம் சல்பேட் ஊசியின் முதல் அளவையும் மருத்துவர் இல்லாதபோது செவிலியரும் ஏஎன்எம்மும் தாங்களே தரலாம் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் இடம் கொடுத்தது 2005 வாக்கில்தான். உதிரப்போக்கில் ஒரு தாய் இறக்க இரண்டு மணிநேரம் போதும். ஊசி போடத் தெரிந்தும் அனுமதி இல்லாமல் எத்தனை பெண்கள் அந்த இரண்டு மணிநேரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள் என்று எண்ணவே நெஞ்சு கனக்கிறது.

மானுடவியலாளர் செசீலியா வான் ஹாலென் 1990களின் நடுவில் சென்னையிலும் அதை ஒட்டிய கடலோரத்திலும் பெண்களோடு பழகி எழுதிய நூல் 2003இல் வெளிவந்தது. வலியை விரைவுபடுத்தும் ஊசி மருத்துவமனைகளில் வழக்கமாகிவிட்டதையும், பெண்களே அதைக் கேட்டு வாங்குவதையும் அவர் விரிவாகப் பதிவு செய்தார். காத்திருப்பது மருத்துவச்சியின் கலை. வலி வரும், தணியும், மறுபடி வரும். அதன் போக்கைக் கைவைத்து அறிந்தபடி கூட இருப்பதற்குப் பொறுமையும் ஆளும் நேரமும் வேண்டும். அவசரம் அந்த இடத்தைப் பிடித்தது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் (2019–21) தமிழ்நாட்டின் பேறுகளில் 99.6 விழுக்காடு மருத்துவ நிலையங்களில் நடந்தன, 44.9 விழுக்காடு அறுவைச் சிகிச்சையாக நடந்தன. தனியார் மருத்துவமனைகளில் இது 63.8. சாவைத் தடுத்த அறுவைகள் இதில் உண்டு. ஆனால் இரண்டில் ஒரு தாய்க்குக் கத்தி தேவை என்று எந்த மருத்துவ நூலும் சொல்லவில்லை.

பெயர் திரும்புகிறது

2018 டிசம்பரில் மத்திய அரசு மருத்துவச்சிப் பணிகளுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. ஏற்கெனவே செவிலியரானவர்களுக்கு 18 மாதச் சிறப்புப் பயிற்சி தந்து, இயல்பான பேறுகளைப் பொறுப்பேற்று நடத்தும் தனிப் பணியாளர்களை உருவாக்குவது அதன் திட்டம். தெலங்கானா இதற்கு முன்பே, 2017இல், கரீம்நகரில் இத்தகைய பயிற்சியைத் தொடங்கியிருந்தது. 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், 1947இன் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டத்துக்கு மாற்றாக வந்தது. பழைய சட்டத்தின் தலைப்பில் செவிலியர் மட்டுமே இருந்தார். புதிய சட்டம் மன்றத்துக்குப் பதிலாக வைக்கும் ஆணையத்தின் பெயரில் மருத்துவச்சியும் இருக்கிறார். 76 ஆண்டுகள் ஆயின.

பெயர் மட்டும் வந்தால் போதாது. பேறுகாலப் பிரிவில் பத்தாண்டு கை பழகிய செவிலியரை ஒரு மாறுதல் ஆணையில் கண் பிரிவுக்கோ எலும்பு முறிவுப் பிரிவுக்கோ அனுப்பும் வழக்கம் இருக்கும்வரை, சான்றிதழின் இரண்டாம் பாதி வெற்று எழுத்தாகவே இருக்கும். தமிழ்நாட்டு அரசு செவிலியர்–மருத்துவச்சிக்குத் தனிப் பணியிடம், தனிப் பதவி உயர்வு, பேறுகால அறையில் நிலையான பணி ஆகியவற்றை ஏற்படுத்த வேண்டும். இயல்பான பேறில் முடிவெடுக்கும் உரிமையை எழுத்தில் தர வேண்டும். கூடவே, இன்னும் உயிரோடு இருக்கும் பழைய மருத்துவச்சிகளைத் தேடிச் சென்று அவர்கள் அறிந்ததை நம் பல்கலைக்கழகங்கள் பதிவு செய்ய வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் எண்பதைக் கடந்துவிட்டார்கள்.