இரண்டு பாசறைகள்: முல்லைப்பாட்டும் நெடுநல்வாடையும்

பத்துப்பாட்டில் நப்பூதனாரின் முல்லைப்பாட்டு 103 அடி. நக்கீரரின் நெடுநல்வாடை 188 அடி. இரண்டிலும் மன்னன் போர்மேல் போய்ப் பாசறையில் இருக்கிறான், அரசி மாளிகையில் காத்திருக்கிறாள். இருவருக்கும் உறக்கமில்லை. இத்தனை ஒற்றுமை இருந்தும், பிரிவின் பாரம் யார்மேல் எவ்வளவு என்பதில் இரு புலவரும் ஒரே கணக்குப் போடவில்லை.

முதலில் பருவம். முல்லைப்பாட்டின் கார்கால மாலை, பிரிந்து போனவன் திரும்ப வேண்டிய காலம். அந்த மழை நம்பிக்கையைக் கூட்டுகிறது. நெடுநல்வாடையில் காரும் கழிந்து கூதிர் வந்துவிட்டது. பகலில்கூட வெளிச்சமில்லை. பிச்சி மொட்டு விரிவதைக் கொண்டுதான் பெண்கள் அந்தி வந்ததென்று அறிந்து விளக்கேற்றுகிறார்கள்.

காத்திருப்பவளுக்குக் கிடைக்கும் ஆறுதலும் வேறு. முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் நெல்லும் முல்லைப்பூவும் தூவி, ஊர்ப்புறத்தில் நற்சொல் கேட்டு நிற்கிறார்கள். தாயைக் காணாமல் தவிக்கும் கன்றைப் பார்த்து, உன் தாய் இதோ வந்துவிடுவாள் என்கிறாள் ஓர் ஆய்மகள். அந்தச் சொல்லே அரசிக்கு நன்னிமித்தமாகிறது. ஆனாலும் அவள் கண்ணீர் நிற்கவில்லை. நெடுநல்வாடையிலும் இப்போதே வந்துவிடுவார் என்று செவிலியர் சொல்கிறார்கள், ஆனால் அந்தச் சொல் அரசியைத் தேற்றவில்லை. தந்தக் கால் கட்டிலில் கிடந்து, மேற்கட்டியில் எழுதிய, நிலவைப் பிரியாத உரோகிணியைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். சித்திரமே அவள் குறையைச் சொல்லிக் காட்டுகிறது.

பாசறைக்கு வருவோம். முல்லைப்பாட்டு மன்னன் ஒரு கையைப் படுக்கையில் ஊன்றி, மறு கையைத் தலையில் வைத்து நினைவில் ஆழ்ந்திருக்கிறான். மனைவியை நினைக்கிறான் என்று எதிர்பார்ப்போம். அவன் நினைப்பதோ செஞ்சோற்றுக்கடன் தீர்த்து மாண்ட வீரர்களையும், அம்பு தைத்துப் புல் தின்னாத குதிரைகளையும், புண்பட்டுப் பிடிகளை மறந்த களிறுகளையும்தான். துணையை மறந்த களிற்றை அவன் நினைவில் வைத்ததன் மூலம், அவன் மறந்திருப்பதையும் நப்பூதனார் காட்டிவிடுகிறார்.

நெடுநல்வாடை வேந்தனுக்கு அந்த அளவு ஓய்வும் இல்லை. நள்ளிரவில், வாடையில் சுடர்கள் தெற்கே சாய, தூறலுக்குக் குடை பிடிக்கச் சிலரோடு நடந்து, புண்பட்டவர்களைப் பார்த்து வருகிறான். முன்னே செல்பவனின் வேலில் வேம்பு சூட்டியிருக்கிறது. பாண்டியனின் அடையாளப் பூ அது. தலைவன் இன்னான் என்று அது காட்டிவிடுவதால் நெடுநல்வாடையைப் புறப்பாட்டு என்றார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர்.

முல்லைப்பாட்டு மன்னன் வென்று திரும்புகிறான். காயாவும் கொன்றையும் பூத்த வழியில் குதிரைகள் விரைகின்றன. அவன் வாய்விட்டுச் சொல்லாத ஆசையை அந்த வேகம் சொல்கிறது. நெடுநல்வாடையில் வருகை இல்லை. போர் இப்போதே வெற்றியில் முடியட்டும் என்று கொற்றவையிடம் வேண்டுவதோடு சரி.

போனவன் மனத்தைக் களம் எடுத்துக்கொள்கிறது. ஏக்கம் முழுவதும் இருப்பவள் தலையில் விழுகிறது. இதை இரு பாட்டுகளும் ஒப்புகின்றன. நப்பூதனார் அந்தக் கடனை இறுதியில் தீர்த்து வைக்கிறார். நக்கீரர் தீர்க்கவில்லை. வீரரிடம் வேந்தன் காட்டும் பரிவும் அரசி படும் துயரும் ஒரே காரணத்தில் பிறந்தவை என்று காட்டி, யாரையும் குற்றம் சொல்லாமல் விடுகிறார். பிரிவின் உண்மைக்கு அவர் பாட்டே நெருக்கமானது.