சாமானியரின் நெடுஞ்சாலை: காம்ரேட்ஸ் ஓட்டத்தின் நூறாண்டு

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில், இந்தியப் பெருங்கடல் கரையிலுள்ள டர்பன் துறைமுகத்துக்கும் உள்நாட்டு மேட்டுப்பகுதியில் அமைந்த பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகருக்கும் இடையிலான பழைய சாலையில் ஆண்டுதோறும் நடைபெறும் காம்ரேட்ஸ் மாரத்தான், பெயரளவில் மாரத்தானாக இருப்பினும், 42.195 கிலோமீட்டர் என்ற அந்த ஓட்டத்தின் வழக்கமான அளவைப்போல் இரு மடங்குக்கும் மேல் நீளமானது. சாலைப் பணிகளையும் முடிவிடத்தையும் பொறுத்து ஆண்டுக்கு ஆண்டு சற்றே மாறும் அதன் தொலைவு, ஏறத்தாழ 86 முதல் 90 கிலோமீட்டர் வரை அமைகிறது. இவ்விரு ஊர்களும் தமிழருக்கு அந்நியமானவை அல்ல: 1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்னையிலிருந்து கப்பலேறியவர்கள் கரையிறங்கியது டர்பனில், 1893இல் காந்தி முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து வெளியே தள்ளப்பட்டது பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில். யார் எதில் ஏறலாம், யார் எங்கே நிற்கலாம் என்ற கேள்வி அந்த ரயில்பாதையில் எழுந்ததைப் போலவே, யார் ஓடலாம், யாருடைய ஓட்டம் கணக்கில் சேரும் என்ற கேள்வி இந்தச் சாலையிலும் அரை நூற்றாண்டுக் காலம் நீடித்தது. வேலைக்குப் போய்க்கொண்டே ஓடும் சாமானியருக்காக உருவான பந்தயம், சாமானியர் எனப்படுபவர் யார் என்பதை வரையறுக்கத் திணறிய வரலாறே காம்ரேட்ஸின் வரலாறு எனலாம்.

இந்தத் திணறலின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. விளையாட்டில் பணம் பெறாதவரைக் குறிக்கும் ‘அமெச்சூர்’ என்ற தகுதி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு வர்க்க வேலியாகவே எழுப்பப்பட்டது. 1866இல் லண்டனில் தோன்றிய அமெச்சூர் தடகளக் கழகத்தின் வரையறை, பரிசுப் பணத்துக்காக ஓடியவரை மட்டுமன்றி, இயந்திரத் தொழிலாளர், கைவினைஞர், கூலி வேலை செய்பவர் ஆகியோரையும் வெளியே நிறுத்தியது. உடலுழைப்பால் பிழைப்பவருக்குப் போட்டியில் இயல்பாகவே அனுகூலம் உண்டு என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 1880இல் ஆக்ஸ்ஃபோர்டில் நிறுவப்பட்ட தடகளச் சங்கம் தொழிலாளரை விலக்கும் அந்த விதியைக் கைவிட்டு, பணம் பெறுவதை மட்டும் குற்றமாக வைத்துக்கொண்டது. பேரரசின் குடியேற்ற நாடுகளுக்கு மட்டைப்பந்தும் ரக்பியும் போன அதே கப்பலில் இந்த விதியும் போய்ச் சேர்ந்தது. அங்கே வர்க்கம் தளர்ந்த இடத்தில் நிறம் வந்து அமர்ந்துகொண்டது.

காம்ரேட்ஸைத் தொடங்கிய விக் கிளாபம், அந்தப் பழைய வரையறை நீடித்திருந்தால் ஓட்டப்பந்தயத்துக்கு அருகிலேயே வந்திருக்க முடியாது. அவர் ரயில் எஞ்சின் ஓட்டுநர். முதல் உலகப் போரில் தென்னாப்பிரிக்கக் காலாட்படையில் சேர்ந்து, கிழக்கு ஆப்பிரிக்காவின் புதர்க்காட்டிலும் காய்ச்சலிலும் ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் நடந்து மீண்ட அவர், மாண்ட தோழர்களுக்குக் கல்லால் எழுப்பும் நினைவுச் சின்னத்தைவிட, அவர்கள் பட்ட பாட்டை மற்றவர்கள் தம் உடலால் உணரும் ஒரு சோதனையே பொருத்தமான அஞ்சலி என்று கருதினார். முன்னாள் படைவீரர் சங்கத்திடம் 1918இல் அவர் முன்வைத்த யோசனை, மனித உடல் தாங்காது என்று தள்ளப்பட்டது. மறு ஆண்டும் அவ்வாறே. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களைத் தெருவிலிருந்து அழைத்துச் சென்று, தோளில் துப்பாக்கியும் முதுகில் மூட்டையும் ஏற்றி ஆப்பிரிக்காவெங்கும் நடக்க வைக்க முடிந்ததென்றால், பயிற்சி பெற்றவர் ஒரு பகலில் இரண்டு ஊர்களுக்கிடையே ஓட ஏன் முடியாது என்பது அவருடைய வாதம். 1921இல் சங்கம் இசைந்து, செலவுக்கு ஒரு பவுன் கடனும் கொடுத்தது. ‘காம்ரேட்ஸ்’, அதாவது தோழர்கள் என்ற பெயர் அந்தச் சங்கத்தின் பெயரிலிருந்தே வந்தது.

1921 மே 24 அன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகர மன்றத்தின் முன்பு 34 பேர் கிளம்பினார்கள்; 16 பேர் டர்பன் போய்ச் சேர்ந்தார்கள். பில் ரோவன் 8 மணி 59 நிமிடத்தில் முதலாவதாக வந்தார். பெரும்பகுதி மண்சாலை. மறு ஆண்டு திசையை மாற்றி டர்பனிலிருந்து ஓடினார்கள். அன்றுமுதல் கடலிலிருந்து மேட்டுக்குப் போவது ‘ஏறு ஓட்டம்’ என்றும், மேட்டிலிருந்து கடலுக்கு வருவது ‘இறங்கு ஓட்டம்’ என்றும் பெயர் பெற்றுப் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒன்றாக மாறிமாறி நடந்துவருகின்றன. இறங்கு ஓட்டம் எளிதென்று எண்ணுவோர் ஏமாறுவர். கௌவீஸ், ஃபீல்ட்ஸ், போத்தாஸ், இஞ்சாங்கா, பாலி ஷார்ட்ஸ் என்ற ஐந்து பெரிய குன்றுகள் எந்தத் திசையில் ஓடினாலும் குறுக்கே நிற்கின்றன. மேலும், நீண்ட சரிவில் இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைத் தாங்கி நிறுத்தும் தொடைத் தசைகள், ஏற்றத்தில் களைப்பதைவிட மோசமாக நொந்துபோகின்றன.

அந்த 1922ஆம் ஆண்டின் ஏறு ஓட்டத்தில்தான், பொழுதுபோக்காக ஓடுபவரின் அன்றாடப் பயிற்சி என்ற ஒன்றுக்கு வரலாற்றில் தெளிவான உருவம் கிடைக்கிறது. வென்றவர் ஆர்தர் நியூட்டன், 39 வயது, ஹார்டிங் என்ற ஊரருகே விவசாயம் செய்தவர். ஓடத் தொடங்கி ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. அக்காலத்துப் பயிற்சியாளர்கள், உடலில் ஒரு குறிப்பிட்ட அளவு வலிமையே சேமிப்பில் உண்டு, அதைப் பந்தயத்துக்கு முன் செலவழித்துவிடக் கூடாது என்று நம்பினார்கள். ஆகவே சிறிது நடை, சிறிது விரைவோட்டம், நிறையத் தேய்ப்பும் ஓய்வும் என்பதே அவர்களுடைய முறை. நியூட்டனும் 1922 ஜனவரியில் முதல் நாள் இரண்டு மைல் ஓடிவிட்டு உடம்பெல்லாம் வலித்துப் படுத்தவர்தான். அந்த வலியிலிருந்து அவர் பெற்ற முடிவு நேரெதிரானது: குறைவாக ஓடுவதல்ல, மெதுவாக ஓடுவதே வழி. மூச்சு வாங்காத வேகத்தில், நாள் தவறாமல், தொலைவை மட்டும் படிப்படியாகக் கூட்டிக்கொண்டு போனார். காலப்போக்கில் வாரத்துக்கு நூறு மைலுக்கு மேல் என்பது அவருக்குச் சாதாரணமாயிற்று. 1923இல் 6 மணி 56 நிமிடம், 1925இல் 6 மணி 24 நிமிடம் என்று நேரம் சரிந்தது. மொத்தம் ஐந்து வெற்றிகள். வேகத்தை உயர்த்தும் முன் அடித்தளமாகப் பல மாதங்கள் மெதுவான நீண்ட ஓட்டம் வேண்டும் என்று இன்று எந்தப் பயிற்சி அட்டவணையும் சொல்வதை, வயலையும் கணக்கையும் கவனித்துக்கொண்டே ஓடிய இந்த மனிதர் முன்கூட்டியே செய்து காட்டிவிட்டார்.

அவரை ஓட வைத்த காரணத்தைப் பிற்காலத்து ஓட்ட நூல்கள் பல சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுகின்றன. அப்படிக் கடந்துவிடுவது நியாயமன்று. நியூட்டனின் பண்ணையைச் சுற்றியிருந்த நிலங்களைக் கறுப்பின மக்களின் குடியிருப்புக்கு ஒதுக்க அரசு முடிவெடுத்தது. தமக்கு உரிய இழப்பீடு கிடைக்கவில்லை என்று குறைபட்ட அவர், விளையாட்டில் புகழ்பெற்ற ஒருவரின் மனக்குறையை மக்கள் காதுகொடுத்துக் கேட்பார்கள் என்ற கணக்கில்தான் காலில் காலணியை மாட்டினார். பொழுதுபோக்கு ஓட்டத்தின் மூல ஆசிரியர், ஒரு வெள்ளையர் நிலவுடைமையாளரின் வழக்கை விளம்பரப்படுத்தவே ஓடியிருக்கிறார். அரசு அசையவில்லை, அவர் ரொடீசியாவுக்குக் குடிபெயர்ந்தார், பின்னர் பணத்துக்காக ஓடும் தொழில்முறை ஓட்டக்காரராகி, 1928இல் அமெரிக்காவின் குறுக்கே நடந்த பந்தயத்திலும் கலந்துகொண்டார். பாதி வழியிலுள்ள டிரம்மண்ட் அருகே சாலையோர மண்மேட்டில் குடைந்த ஒரு மாடம் ‘ஆர்தரின் இருக்கை’ எனப்படுகிறது. அங்கே ஒரு பூவை வைத்து, “காலை வணக்கம், ஆர்தர்” என்று சொல்லிவிட்டுப் போனால் மீதித் தொலைவு நல்லபடியாகக் கழியும் என்பது ஓடுபவர்களின் நம்பிக்கை.

விதிகள் விலக்கியவர்களும் அதே சாலையில் ஓடினார்கள். 1923இல் ஃபிரான்சஸ் ஹேவர்ட் என்ற பெண்ணின் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. அவர் கணக்கில் சேராமலே ஓடி 11 மணி 35 நிமிடத்தில் முடித்தார். பதக்கம் இல்லை, பார்த்தவர்கள் பணம் சேர்த்து ஒரு வெள்ளித் தேநீர்ப் பாத்திரத் தொகுதியை அவருக்குப் பரிசளித்தார்கள். 1935இல் ராபர்ட் ம்ட்சாலி என்ற கறுப்பின ஓட்டக்காரர் ஒன்பதரை மணி நேரத்தில் முடித்ததும் அதிகாரபூர்வப் பட்டியலில் ஏறவில்லை. போட்டிக்கென வந்தவர்களில் பலர் பாதியில் வண்டி ஏறிய காலத்தில், விலக்கப்பட்டவர்கள் குறித்த நேரத்துக்குள் ஊர் போய்ச் சேர்ந்ததை நடுவர்கள் கண்ணால் கண்டார்கள், ஏட்டில் மட்டும் எழுதவில்லை.

பதக்கங்களும் நேர எல்லையும்தான் இந்தப் பந்தயத்தை மற்றவற்றிலிருந்து பிரித்தவை. தொடக்கத்தில் பன்னிரண்டு மணி நேரமாக இருந்த எல்லை 1928இல் பதினொன்றாகக் குறுகி, 2003இல் மீண்டும் பன்னிரண்டாயிற்று. பல காலம் எல்லைக்குள் வந்தவர்களில் பெரும்பாலோருக்கும் ஒரே வெள்ளிப் பதக்கம்தான். கூட்டம் பெருகவே 1972இல் ஏழரை மணி நேரத்துக்குள் முடித்தவர்களுக்கு வெள்ளி, மற்றவர்களுக்கு வெண்கலம் என்று பிரித்தார்கள். பத்து முறை ஓடி முடித்தவருக்கு அவருடைய மார்பு எண் நிரந்தரமாகச் சொந்தமாகிவிடுகிறது. அதைப் பச்சை நிறத்தில் அச்சிட்டுத் தருவார்கள், வேறு யாருக்கும் அந்த எண் கிடைக்காது. முதலிடம் என்ற ஒன்றை எட்டவே முடியாத ஆயிரக்கணக்கானவருக்கு, ஏழரை, ஒன்பது, பதினொன்று என்று எட்டக்கூடிய படிகளை இந்த ஏற்பாடு கட்டித்தந்தது. ஜனவரியில் இருட்டோடு எழுந்து வேலைக்கு முன் ஓடும் வங்கி எழுத்தரும் பள்ளி ஆசிரியரும் மனத்தில் வைத்திருப்பது வெற்றியாளரின் நேரத்தையன்று, இந்தப் படிகளில் ஒன்றையே. சாமானியருக்கு ஊக்கம் எங்கிருந்தோ தானாக ஊறிவருவதாகப் பேசுவது வழக்கம்; காம்ரேட்ஸைப் பொறுத்தவரை அதில் பெரும்பங்கு கடிகாரத்தையும் பதக்கத்தையும் வைத்து நிர்வாகிகள் அமைத்துக்கொடுத்தது.

வேலைக்குப் போகிறவர்கள் ஓட ஒரு விடுமுறை நாள் வேண்டும். விடுமுறையை அறிவிப்பதோ அரசு. இதனால் பந்தய நாளின் மாற்றங்களிலேயே நாட்டின் அரசியலைப் படித்துவிடலாம். பேரரசு நாளான மே 24இல் தொடங்கிய ஓட்டம், பின்னர் வெள்ளையராட்சி குடியரசு நாளாகக் கொண்டாடிய மே 31க்குப் போயிற்று. மக்களாட்சி மலர்ந்தபின் 1995இல், சொவேட்டோ மாணவர் எழுச்சியை நினைவுகூரும் ஜூன் 16க்கு வந்தது. அந்நாளின் முக்கியத்துவத்தைப் பந்தயம் மறைக்கிறது என்ற எதிர்ப்பால் 2007இல் அங்கிருந்தும் நகர்ந்தது. 1981இல் குடியரசின் இருபதாம் ஆண்டு விழாவோடு பந்தயத்தை இணைத்தபோது, தொல்லியல் படித்த புரூஸ் ஃபோர்டைஸ் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு ஓடினார். தொடக்கத்தில் அவர்மேல் தக்காளி வீசினார்கள், முடிவில் அவர்தான் வென்றார். ஒன்பது முறை வென்ற அவருடைய முதல் வெற்றி அது.

நிறத்தடையும் பெண்களுக்கான தடையும் 1975இல், ஐம்பதாவது பந்தயத்தில், அதிகாரபூர்வமாக நீங்கின. அதை மனமாற்றம் என்று மட்டும் கொள்வதற்கில்லை. 1970இல் ஒலிம்பிக் இயக்கத்திலிருந்து தென்னாப்பிரிக்கா வெளியேற்றப்பட்டிருந்தது, உலகத் தடகள அமைப்பின் கதவும் மூடிக்கொண்டிருந்தது. உள்நாட்டுப் பந்தயத்துக்கு உலகின் மதிப்பைத் தேட வேண்டிய நெருக்கடி நிர்வாகிகளுக்கு இருந்தது. அதே தனிமைப்படுத்தல், வெளிநாட்டு மைதானங்களை இழந்த ஓட்டக்காரர்களின் கண்ணை இந்த ஒரு சாலையின்மேல் குவித்தது. 1976இல்தான் அந்நாட்டுக்கு வந்த தொலைக்காட்சி, பந்தயத்தை வீட்டுக்கூடத்துக்கே கொண்டுவந்து, பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பலரை மறு ஆண்டு ஓடவைத்தது.

கூட்டம் பெருகியதில் மருத்துவமும் ஒன்றைக் கற்றுக்கொண்டது. 1981ஆம் ஆண்டு ஓட்டத்தில் ஒரு பெண் நினைவிழந்து சரிந்தபோது, உடலில் நீர் வற்றியதே காரணம் என்ற வழக்கமான ஊகத்துக்கு மாறாக, அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்ததால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போயிருந்தது தெரியவந்தது. கேப் டவுன் மருத்துவரும் காம்ரேட்ஸ் ஓடியவருமான டிம் நோக்ஸ் இத்தகைய நிகழ்வுகளை 1985இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். தாகம் எடுக்குமுன்பே குடி என்ற அறிவுரை, மெதுவாக ஓடிப் பல மணி நேரம் சாலையில் இருக்கும் சாமானியருக்கே அதிக ஆபத்தானது என்பது அதன் உட்பொருள்.

பின்வரிசைக்காரர்களுக்கென ஒரு தனிப் பழக்கமே வளர்ந்திருக்கிறது. குறித்த நேரத்தில் முடிக்கக் கணக்கிட்டு ஓடும் அனுபவசாலி ஒருவரின் பின்னால் நூற்றுக்கணக்கானோர் திரண்டு ஓடுவதை ‘பஸ்’ என்றும், முன்னால் ஓடுபவரை ‘டிரைவர்’ என்றும் அழைக்கிறார்கள். எந்த ஏற்றத்தில் எத்தனை நிமிடம் நடப்பது, எங்கே மீண்டும் ஓடுவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. நேர எல்லை முடியும் கணத்தில் ஒருவர் முடிவுக்கோட்டுக்கு முதுகைக் காட்டி நின்று துப்பாக்கியால் சுடுகிறார். தான் யாரைத் தடுக்கிறோம் என்பது அவருக்குத் தெரியக் கூடாது என்பதே அதன் காரணம். வெடிச்சத்தத்துக்கு ஒரு நொடி பின்னால் வந்தவரும் வராதவர்தான். 1930 முதல் ஐந்து முறை வென்ற வாலி ஹேவர்ட், இங்கிலாந்துப் பயணத்துக்கு நன்கொடை ஏற்றார் என்பதற்காக அமெச்சூர் தகுதியைப் பறிகொடுத்தவர், 1989இல் எண்பது வயதில் தள்ளாடி வந்து, எல்லைக்கு இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கையில் கோட்டைக் கடந்தார். அதே நாளில் முதலாவதாக வந்த சாமுவேல் த்ஷபலாலா, காம்ரேட்ஸை வென்ற முதல் கறுப்பினத்தவர்.

1995இல் பரிசுப் பணம் வந்தபின், பணம் பெறுபவரும் பெறாதவரும் ஒரே கோட்டில் நின்று கிளம்புகிறார்கள். ஒரு காலத்தில் வாழ்நாள் தடைக்குக் காரணமான வேறுபாடு, இன்று நிற்கும் வரிசையின் வேறுபாடு மட்டுமே. பதக்கங்களும் பெருகி, ஒவ்வொன்றாகப் பழைய பெயர்களைச் சுமக்கின்றன: ஒன்பது மணி நேரத்துக்குள் வருபவருக்கு பில் ரோவன் பதக்கம், கடைசி ஒரு மணி நேரத்தில் வருபவருக்கு விக் கிளாபம் பதக்கம். ஒன்பது முதல் பத்து மணி நேரத்துக்குள் முடிப்பவருக்கென 2019இல் ஏற்படுத்தப்பட்டது ராபர்ட் ம்ட்சாலி பதக்கம். 1935இல் பட்டியலில் ஏறாமல் போன அவருடைய ஒன்பதரை மணி நேரம் அந்த எல்லைக்குள்தான் வருகிறது.