பனிக்கட்டிக்குக் கட்டிய வீடு

சித்திரையும் வைகாசியும் இளவேனில், ஆனியும் ஆடியும் முதுவேனில் என்று உரையாசிரியர்கள் பெரும்பொழுதைப் பகுத்துச் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் சிரிக்கிறார்கள். அக்கினி நட்சத்திரத்தில் மெரினா கடற்கரைச் சாலையில் நடந்தவர் எவரும் அந்தப் பருவத்துக்கு ‘இள’ என்ற அடைமொழியைக் கொடுக்கத் துணியமாட்டார். அப்படியொரு மே மாத முற்பகலில் என் மகளையும் அவளுடைய தோழியர் மூவரையும் அழைத்துக்கொண்டு மயிலாப்பூரில் பேருந்து ஏறினேன். விவேகானந்தர் இல்லத்தைக் காட்டுவது நோக்கம். கோடை விடுமுறையில் பிள்ளைகளை எந்த வகுப்பில் சேர்ப்பது என்ற வழக்கமான வீட்டுச் சண்டையிலிருந்து ஒருநாள் தப்பிப்பது உள்நோக்கம்.

நடத்துநர் ‘ஐஸவுஸ்’ என்று ஒரே சொல்லாகக் குரல் கொடுத்தார். 1963-இல் விவேகானந்தர் நூற்றாண்டையொட்டி அரசு அந்தக் கட்டடத்துக்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர் சூட்டியது. ஆனாலும் பேருந்து நிறுத்தத்துக்கும் காவல் நிலையத்துக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் இன்றுவரை ஐஸ் ஹவுஸ்தான். ஊர் வாய்க்கு ஒரு பெயர் பழகிவிட்டால் அரசாணை அதை ஒன்றும் செய்துவிட முடியாது.

வளைந்து நிற்கும் தாழ்வாரங்களைப் பார்த்த மாத்திரத்தில் சிறுமியரில் ஒருத்தி, “அங்கிள், ஐஸ் எங்கே?” என்று கேட்டாள். விடை சொல்லப் புகுந்தால் அமெரிக்காவுக்குப் போகவேண்டியிருந்தது.

பாஸ்டன் நகரத்து வணிகர் பிரடெரிக் டியூடர், குளிர்காலத்தில் உறைந்துபோகும் குளத்து நீரை வெப்ப நாடுகளுக்கு விற்கலாம் என்று எண்ணியவர். ஊரார் அவரைப் பைத்தியக்காரர் என்றார்கள். பின்னால் பனிக்கட்டி அரசர் என்றார்கள். உறைந்த குளத்தின் மேற்பரப்பைக் குதிரை பூட்டிய கத்தியால் கோடு கீறிச் சதுரம் சதுரமாக அறுத்தெடுப்பார்கள். அந்தப் பாளங்களை இடைவெளியின்றி அடுக்கி, சுற்றிலும் மரத்தூளைத் திணித்துக் கப்பலேற்றுவார்கள். மர அறுவை ஆலைகள் வேண்டாமென்று கொட்டிய தூள்தான் வெப்பத்தைத் தடுத்தது. பாளங்கள் ஒன்றோடொன்று நெருங்கி ஒரே பாறைபோல் இருந்ததால் வெளிப்புறம் கரைந்தாலும் உட்புறம் நின்றது. 1833 மே மாதம் பாஸ்டனிலிருந்து ‘டஸ்கனி’ என்ற கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் கிளம்பியது. ஆப்பிரிக்காவைச் சுற்றி, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து செப்டம்பரில் கல்கத்தா சேர்ந்தபோது ஏறத்தாழ 100 டன் எஞ்சியிருந்தது.

அந்த வணிகத்தின் தொடர்ச்சியாக 1842-இல் சென்னைக் கடற்கரையில் எழுந்ததுதான் இந்த வீடு. கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருந்த பனிக்கட்டிக் கிடங்குகள் இடிந்து மறைந்துவிட்டன; சென்னையுடையது மட்டும் நிற்கிறது. அன்று இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, சரக்கெல்லாம் மசூலாப் படகுகளில் அலைகளைத் தாண்டிக் கரைக்கு வரவேண்டும். இன்று நாம் காணும் அகன்ற மணற்பரப்பும் அன்றில்லை. வடக்கே துறைமுகம் எழுந்தபின் மணல் ஒதுங்கிக் கடல் பின்வாங்கியதால் உண்டானது அது. ஆகவே கிடங்குக்கு மிக அருகிலேயே கடல் இருந்தது. சாளரமற்ற தடித்த சுவர்களுக்குள் பனிக்கட்டியைப் பூட்டிவைத்து வெள்ளைக்காரத் துரைமாருக்கும் வசதி படைத்த சிலருக்கும் விற்றார்கள். கரையிலிருந்து அதைச் சுமந்தவர்களுக்கு வழியெல்லாம் முதுகில் சொட்டிய குளிர்ச்சி மட்டும் இலவசமாகக் கிடைத்திருக்கும்.

(இடையில் ஒரு சொல்லாராய்ச்சி, பொறுத்தருள்க. சங்கத் தமிழில் ஆலங்கட்டிக்கு ‘ஆலி’ என்றொரு அழகிய சொல் உண்டு. ‘பனி’ என்றால் பெரிதும் நம் மார்கழிப் பனிதான். குளத்து நீர் பாறையாக உறைவதைக் கண்டிராத மொழி அதற்கு எங்கிருந்து சொல் தேடும்? ஐஸ் என்ற ஆங்கிலச் சொல் சரக்கோடு கப்பலில் வந்து இறங்கிற்று. சரக்கு கரைந்துவிட்டது, சொல் ஊர்ப்பெயராக நிலைத்துவிட்டது.)

1846–47 குளிர்காலத்தில் டியூடரின் ஆட்கள் வால்டன் குளத்தில் பனிக்கட்டி அறுத்ததைக் கரையில் வாழ்ந்த தோரோ பார்த்துக்கொண்டிருந்தார். தம் குளத்து நீரை மெட்ராஸ் மக்களும் பருகப்போகிறார்கள் என்று ‘வால்டன்’ நூலில் வியந்து எழுதியிருக்கிறார். நம் ஊர்ப் பெயர் அந்நூலில் நுழைந்தது இந்தக் கிடங்கின் வழியாகத்தான் என்பது தோரோவைப் படிக்கிறவர்கள் பலருக்குத் தெரியாது.

1880 வாக்கில் நீராவி இயந்திரத்தால் உள்ளூரிலேயே பனிக்கட்டி செய்ய முடிந்ததும் டியூடர் வணிகம் முடிந்தது. கட்டடத்தை வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கி, சாளரங்களும் தாழ்வாரங்களும் அமைத்து வீடாக மாற்றினார். தாம் மதித்த உயர்நீதிமன்ற நீதிபதி கெர்னனின் பெயரால் ‘காசில் கெர்னன்’ என்று அழைத்தார். 1897 பிப்ரவரி 6-ஆம் நாள் எழும்பூர் நிலையத்தில் வந்திறங்கிய விவேகானந்தரின் வண்டியைக் குதிரைகளை அவிழ்த்துவிட்டு மக்களே இழுத்து வந்தது இந்த வீட்டுக்குத்தான். அவர் இங்கே ஒன்பது நாள் தங்கினார். அந்த நாட்களில் சென்னையில் ஆற்றிய உரைகள் பரவலாக அறியப்பட்டவை, இங்கு விரிக்கவில்லை. சென்னை அன்பர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க அவர் அனுப்பிவைத்த சசி மகராஜ் என்னும் ராமகிருஷ்ணானந்தர் இங்கிருந்தே தென்னகத்தில் மடத்தின் பணியைத் தொடங்கினார். பிலிகிரி ஐயங்கார் மறைந்தபின் 1906-இல் வீடு ஏலத்துக்கு வந்தது. அன்பர்களால் அதை வாங்க இயலவில்லை. 1907-இல் மடம் மயிலாப்பூரில் சொந்த இடத்துக்குப் பெயர்ந்தது.

வழிகாட்டிகள் பலரும் இந்த இடத்திலிருந்து ஒரே தாவலில் 1963-க்கு வந்துவிடுவார்கள். பிள்ளைகளிடம் அப்படித் தாவ எனக்கு மனம் வரவில்லை.

1886-இல் பிறந்து, பதினொரு வயதில் மணமுடித்து, விரைவிலேயே கணவனை இழந்த சகோதரி சுப்பலட்சுமி, தந்தையின் துணையோடு படித்து 1911-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துக் கைம்பெண் அவரே. தம்மைப் போன்ற சிறுமியரைப் படிக்கவைக்க எழும்பூரில் ஒரு சிறு இல்லத்தைத் தொடங்கினார். எண்ணிக்கை பெருகப் பெருக இடம் போதவில்லை. எதிரே வந்தாலே சகுனத்தடை என்று கருதப்பட்ட பெண்களைக் கூட்டமாக ஒரு வீட்டில் வைத்துக்கொள்ள எந்தத் தெரு இசையும்? தெருவே இல்லாத இடம் ஒன்று தேவைப்பட்டது. ஒருபுறம் கடல், மற்றபுறம் சாலை என்றிருந்த ஐஸ் ஹவுஸ் அப்படித்தான் அவர்களுக்கு வாய்த்தது. 1917-இல் அரசு இதைக் கையகப்படுத்தி அவர் பொறுப்பில் விடுதியாக்கியது. 1922-இல் பக்கத்திலேயே லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் எழுந்தது. தலை மழிக்கப்பட்டு இருட்டறையில் கிடந்திருக்க வேண்டிய சிறுமியர் ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள்.

இதிலும் ஒரு குறை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. அந்த விடுதி பிராமணக் கைம்பெண்களுக்கு மட்டுமேயானது. மாற்றுச் சாதியினரைச் சேர்த்தால் பெற்றோர் பிள்ளைகளை அனுப்பமாட்டார்கள் என்பது அன்றைய கணக்கு. அந்தக் கணக்கை மறுத்தாற்போல, சாதி பாராமல் பெண்களைச் சேர்த்துக்கொள்ளும் அவ்வை இல்லத்தை 1930-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கினார். பின்னாளில் அது அடையாறில் வேரூன்றியது. சுப்பலட்சுமியும் ஐஸ் ஹவுஸோடு நின்றுவிடவில்லை. 1927-இல் அவர் தொடங்கிய சாரதா வித்யாலயா 1938-இல் ராமகிருஷ்ண மிஷனிடம் ஒப்படைக்கப்பட்டு, இன்று தியாகராய நகரில் நடக்கிறது. அவருடைய வரலாற்றை மோனிகா ஃபெல்டன் 1966-இல் ஆங்கிலத்தில் நூலாக எழுதினார்.

எனக்கு இதில் சொந்தக் கணக்கு ஒன்று உண்டு. என் பாட்டியின் தமக்கையை வீட்டில் பெரியபாட்டி என்போம். கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பதினோரு வயதில், இந்த விடுதி இங்கே தொடங்கிய காலத்தை ஒட்டி, கைம்பெண்ணானவர். எழுபதாண்டுகள் அதே வீட்டின் இரண்டாம் கட்டில் வாழ்ந்து முடித்தார். கோடை விடுமுறைக்கு நாங்கள் போகும்போது என் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தையும் எடுத்துவரச் சொல்வார். மதியம் எல்லாரும் உறங்கியபின் கொல்லைத் திண்ணையில் என்னை உட்காரவைத்து, விரலால் எழுத்தைத் தொட்டுத் தொட்டுக் கூட்டிப் படிப்பார். ரகரத்துக்கும் றகரத்துக்கும் தடுமாறுவார். திருத்தினால் கோபம் வராது. “இன்னொரு தரம் சொல்லு” என்பார். அவருக்கு ஐஸ் ஹவுஸ் என்ற பெயர்கூடத் தெரிந்திருக்க நியாயமில்லை. யாரேனும் ஒருவர் அவர் தகப்பனாரிடம் சொல்லியிருந்தால், ஓரிரவு ரயில் பயணத் தொலைவு. நான் கலந்துகொண்ட முதல் கோடை வகுப்பு அந்தத் திண்ணைதான். அதில் மாணவி யார், ஆசிரியர் யார் என்பதுதான் முறை மாறியிருந்தது.

அரசு இந்த வீட்டை 1997-இல் ராமகிருஷ்ண மடத்துக்குக் குத்தகைக்கு விட, தொண்ணூறாண்டுக்குப்பின் மடம் இங்கே திரும்பி வந்தது. 1999-இல் நிலையான கண்காட்சி திறக்கப்பட்டது. விவேகானந்தர் தங்கிய மாடி அறை இன்று தியானக்கூடம். பிப்ரவரி 6 முதல் 14 வரை விவேகானந்த நவராத்திரி நடக்கிறது. கோடையில் சிறுவர்களுக்கு முகாம்கள் நடத்துகிறார்கள். யோகாசனமும் சுலோகமும் கதைகளும் சொல்லித்தருகிறார்கள். கோடை முகாம் என்றால் பெற்றோர் பிள்ளைகளைக் கொண்டுபோய்த் தள்ளும் இடம் என்று முன்பு நானும் ஏளனமாக எண்ணியதுண்டு. பழைய வீடுகளுக்கு அது உயிர்ச்சத்து என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன். ஒரு நடை தூரத்தில் திருவல்லிக்கேணியில் உ.வே.சாமிநாதையர் வாழ்ந்த ‘தியாகராஜ விலாசம்’ 2012-இல் இடிபட்டது. எத்தனையோ பதிப்புகளுக்கு அவர் கண்விழித்த வீடு அது. தமிழ் படித்தவர்கள் அறிக்கை விட்டோம். அதற்கு முன் எத்தனைபேர் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றிருந்தோம்? நான் அழைத்துச் சென்றதில்லை. ஐஸ் ஹவுஸ் தப்பியது கல்லின் உறுதியால் அன்று. கிடங்கு, மாளிகை, மடம், விடுதி, காட்சியகம் என்று ஒவ்வொரு தலைமுறையும் அதற்கு ஏதோ ஒரு வேலை கொடுத்துக்கொண்டே வந்தது. ஆளரவம் நின்றுபோன வீட்டுக்குத்தான் முதலில் கடப்பாறை வரும்.

ஆகவே கோடை நிகழ்ச்சி நடத்துகிறவர்களிடம், இந்த வீட்டில் மட்டுமன்று, பாரதியார் இல்லம், தியாகராய நகரில் காமராசர் வாழ்ந்த இல்லம் போன்ற எந்த நினைவில்லத்திலும், ஒரு வேண்டுகோள். ஒரு நாளையேனும் அந்த வீட்டின் கதைக்கே ஒதுக்குங்கள். பெரியவர் ஒருவர் தங்கிய நாட்களை மட்டும் சொல்லாமல், முன்னும் பின்னும் அங்கே யார் சமைத்தார்கள், யார் சுமந்தார்கள், யார் படித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு பாத்திரத்தில் மரத்தூளுக்குள் பனிக்கட்டியும் மற்றொன்றில் வெறும் பனிக்கட்டியும் வைத்து எது முதலில் கரைகிறதென்று பிள்ளைகளைப் பார்க்கச் செய்யலாம். அதற்கு ஆகும் செலவு பத்து ரூபாய்.

நாங்கள் அதைத்தான் வீடு திரும்பியதும் செய்தோம். தச்சர் கடையில் ஒரு பை தூள் இலவசமாகக் கிடைத்தது. சமையலறை மேடையில் இரண்டு கிண்ணங்களை வைத்துவிட்டுக் காத்திருந்தபோது, ஐஸ் எங்கே என்று கேட்ட அதே சிறுமி வேறொன்று கேட்டாள்.

“அங்கிள், அந்த ஹாஸ்டல் அக்காங்க லீவுக்கு எந்த ஊருக்குப் போவாங்க?”

யோசித்துக்கொண்டிருக்கையில் தூளில்லாத கிண்ணத்துக் கட்டி முழுவதும் கரைந்துவிட்டிருந்தது.