கும்பகருணன் வழக்கு

கும்பகருணன் வழக்கு என்பது, கம்பராமாயணத்தின் யுத்த காண்டத்தில் இராவணனின் தம்பி கும்பகருணன் எடுத்த முடிவுகள் சரியா, பிழையா என்று தமிழ்ப் பட்டிமன்றங்களிலும் வழக்காடு மன்றங்களிலும் நெடுங்காலமாக நடந்துவரும் விவாதம். போரின் காரணம் அநீதி என்று அறிந்த ஒரு படைத்தலைவன், அதை அரசனின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, பிறகு அதே அரசனுக்காகக் களம் புகுந்து மடிந்தது முறையா என்பதே இதன் மையக் கேள்வி. 'உயர்ந்தவன் கும்பகருணனா, வீடணனா?' என்னும் தலைப்பில் இது பெரும்பாலும் மேடையேறும்; வீடணன், இராவணனை விட்டு இராமனோடு சேர்ந்த இளைய தம்பி. அன்றாடப் பேச்சில் 'கும்பகர்ணத் தூக்கம்' என்ற கேலிச் சொல்லாக மட்டுமே நிலைத்த ஒருவன், பட்டிமன்ற மேடையில் காப்பியத்தின் மிகச் சிறந்த மாந்தர்களுள் ஒருவனாக எழுந்து நிற்கிறான்.

பட்டிமண்டபத்தின் தொன்மை

இவ்விவாதம் வளர்ந்த களமாகிய பட்டிமன்றம் தமிழருக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் இந்திர விழவு ஊர் எடுத்த காதை, வடதிசை சென்ற கரிகாலன் பெற்ற மூன்று பொருள்களைக் குறிக்கிறது: வச்சிர நாட்டு மன்னன் அளித்த முத்துப் பந்தல், மகத மன்னன் அளித்த பட்டிமண்டபம், அவந்தி மன்னன் அளித்த தோரண வாயில். காவிரிப்பூம்பட்டினத்தில் பட்டிமண்டபம் ஒரு கட்டடமாகவே இருந்தது என்பது இதனால் விளங்கும். மணிமேகலையில் இந்திர விழாவை அறிவிக்கும் முரசறைவோன், வாதம் செய்ய வல்லவர்களைப் பட்டிமண்டபம் ஏறுமாறு அழைக்கிறான். அங்கே வாதிட்டவர்கள் சமயவாதிகள். பொருள், உயிரும் வீடும் பற்றியது.

மாணிக்கவாசகரும் திருவாசகத்தில் இச்சொல்லை ஆள்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டினரான கம்பர் அயோத்தி நகரை வருணிக்கும்போது, கலைகளை ஆராயும் பட்டிமண்டபம் ஒன்றை அந்நகரில் வைக்கிறார். தாம் படைத்த மாந்தர்களின் வழக்கே பின்னாளில் அம்மண்டபத்தில் நிலையான வழக்காகும் என்பதை அவர் நினைத்திருக்க மாட்டார்.

இன்றைய வடிவத்துக்கு வித்திட்டது காரைக்குடி. 'கம்பன் அடிப்பொடி' சா. கணேசன் 1939இல் அங்கே கம்பன் கழகத்தைத் தொடங்கினார். பங்குனி மாதத்தில் காரைக்குடியில் தொடங்கி, அத்த நாளில் கம்பர் சமாதி உள்ள நாட்டரசன்கோட்டையில் நிறைவுறும் கம்பன் விழாவில், காப்பிய மாந்தர்களை முன்வைத்த பட்டிமண்டபங்கள் இடம்பெற்றன. குன்றக்குடி அடிகளார் நடுவராக அமர்ந்த மேடைகள் இக்கலைக்குப் பெருமதிப்பைத் தந்தன. சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த மு.மு. இஸ்மாயில் சென்னைக் கம்பன் கழகத்தை வழிநடத்தினார். வாலி வதை போன்ற சிக்கல்களைச் சட்டம் பயின்ற கண்ணோடு ஆராய்ந்து எழுதினார். இலங்கையில் கம்பன் கழகம் இம்மரபை யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் வளர்த்தது.

வழக்கின் வகைகள்

காப்பியப் படைத்தலைவர் பற்றிய மேடை விவாதங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது ஒப்பீட்டு வழக்கு: இரு மாந்தரை எதிரெதிரே நிறுத்தி, யார் உயர்ந்தவர் என்று கேட்பது. கும்பகருணன்–வீடணன், பரதன்–இலக்குவன் ஆகியவை இவ்வகை. இரண்டாவது குற்ற வழக்கு: ஒருவர் மீது குற்றம் சாட்டி, வழக்குத் தொடுப்பவர், மறுப்பவர், நடுவர் என மூவர் அமர்ந்து நடத்துவது. வாலியை மறைந்து நின்று கொன்ற இராமன், தேரோட்டி மகன் என்ற இழிசொல்லுக்கு ஆளான கர்ணன் ஆகியோர் இவ்வகைக் கூண்டில் அடிக்கடி நிற்பவர்கள். மூன்றாவது காரண வழக்கு: ஒரு வீழ்ச்சிக்கு யார் காரணம் என்று தேடுவது. இலங்கையின் அழிவுக்குச் சூர்ப்பணகையா, இராவணனா, அவன் அமைச்சர்களா என்பது இதன் எடுத்துக்காட்டு. கும்பகருணன் மூன்று வகையிலும் வருகிறான்.

கும்பகருணனின் முடிவுகள்

அறத்தின் பக்கத்திலிருந்தே பெரும்பாலான பேச்சாளர்கள் இவனை அளக்கிறார்கள். இவன் படையறிவையும் சேர்த்துப் பார்த்தால்தான் வழக்கு முழுமை பெறும். கம்பரின் கும்பகருணன் நான்கு இடங்களில் முடிவெடுக்கிறான்.

முதல் முடிவு மந்திரப் படலத்தில். அனுமன் இலங்கையை எரித்துச் சென்றபின் இராவணன் அவை கூட்டுகிறான். பிறன் மனைவியைச் சிறைவைத்ததே குலத்துக்கு இழுக்கு என்று கும்பகருணன் தயங்காமல் கடிகிறான். ஆனால் அச்சத்தால் இப்போது விடுவித்தால் எளியவர் ஆவோம் என்றும் சொல்கிறான். எனவே பகைவர் படை திரண்டு பெருகும் முன், ஒரே நாளில் கடல் கடந்து சென்று அவர்களை வேரோடு அழிப்பதே செயல் என்கிறான். இராவணன் இதை மெச்சினான். ஆயினும் இலங்கைப் படை கடலைக் கடக்கவில்லை. வானரர்தாம் அணை கட்டிக் கடந்து வந்தார்கள். போர் தொடங்கிய நாளில் கும்பகருணன் உறக்கத்தில் இருந்தான்.

இரண்டாம் முடிவு அவன் எழுப்பப்பட்டபின். முதல் நாள் போரில் படைக்கலம் இழந்து நாணத்தோடு திரும்பிய இராவணன், அமைச்சன் மகோதரன் சொற்படி தம்பியை எழுப்பச் செய்கிறான். குதிரைகளை அவன்மேல் ஓட்டி, உலக்கைகளால் தாக்கி எழுப்புகிறார்கள். 600 வண்டி உணவை உண்டபின் அண்ணன் முன் வந்து நிற்கும் இவன், போர்க்கோலம் பூட்டப்படும்போதே மீண்டும் அறிவுரை சொல்கிறான்: சீதையை விட்டுவிடு, இராமனைப் பணி, வீடணனோடு கூடு. அது வேண்டாமென்றால் ஒரு வழி என்று அவன் சொல்வதுதான் இவ்வழக்கின் நெஞ்சாங்குலை. படையைப் பகுதி பகுதியாக அனுப்பி, அவை சிதறுவதைப் பார்த்து இருந்து வருந்துவது சூழ்ச்சி ஆகாது. உள்ள வலிமை எல்லாவற்றையும் ஒருங்கே செலுத்து என்கிறான்.

பின்னால் நடந்தவை இக்கூற்றின் உண்மையை மெய்ப்பிக்கின்றன. கும்பகருணன், அதிகாயன், மகரக்கண்ணன், இந்திரசித்து என்று ஒருவர்பின் ஒருவராகச் சென்று மடிந்தார்கள். திசையெங்குமிருந்து திரட்டிய மூலபலப் படை, இந்திரசித்தும் இறந்தபிறகே களம் கண்டது.

மூன்றாம் முடிவே இவன் பிழை. எதிர்காலம் சொல்லவா உன்னை அழைத்தேன், போய் உறங்கு, நானே போகிறேன் என்னும் பொருளில் இராவணன் சினந்து தேர் கொண்டுவரச் சொன்னான். அடுத்த நொடியில் கும்பகருணன் சூலத்தை எடுத்துக்கொண்டு பொறுத்தருளுமாறு வேண்டினான். தன்னை வென்றுவிட்டால் அண்ணனையும் வெல்வார்கள், அதனால் அப்போதாவது சீதையை விட்டுவிடு என்று சொல்லி விடைபெற்றான். எல்லா வலிமையையும் ஒருங்கே செலுத்தச் சொன்னவன், தானே அந்தச் சிதறும் பகுதிகளுள் முதலாவது ஆனான். தன் திட்டத்தை அரசன் ஏற்கும்வரை நிற்கும் உறுதி அவனிடம் இல்லை. கோழை என்னும் சொல்லை அவனால் தாங்க முடியவில்லை. அண்ணனின் ஒரு சுடுசொல் அவன் படையறிவு முழுவதையும் வென்றுவிட்டது.

நான்காம் முடிவு களத்தில். இராமன் இசைவோடு வீடணன் எதிரே வந்து அழைக்கிறான். இராமன் தனக்குத் தந்த இலங்கை அரசைக் கும்பகருணனுக்கே தந்து, தான் ஏவல் செய்வதாகவும் சொல்கிறான். கும்பகருணன் மறுக்கிறான். நெடுநாள் வளர்த்து, இன்று போர்க்கோலம் பூட்டி அனுப்பியவனுக்கு உயிர் கொடுக்காமல் அப்பால் போவதற்கில்லை என்கிறான். நீ போய் வாழ், இறந்தவர்க்கு நீர்க்கடன் செய்ய ஒருவன் வேண்டும் என்று தம்பியைத் தழுவிக் கண்ணீரோடு அனுப்புகிறான். கம்பர் இந்தக் காட்சியை விரித்த விரிவே வழக்கைத் தமிழுக்கு உரியதாக்கிற்று.

அதன்பின் அனுமன் எறிந்த மலை அவன் தோளில் பட்டுப் பொடியாகிறது. அவன் வானர அரசன் சுக்கிரீவனைப் பிடித்து நகரை நோக்கிச் செல்கிறான். இராமன் அம்பால் வழியடைத்து நெற்றியைத் துளைக்க, வழிந்த குருதியில் மயக்கம் தெளிந்த சுக்கிரீவன் அவன் மூக்கையும் காதுகளையும் பறித்துக்கொண்டு தப்புகிறான். கையும் காலும் இழந்த நிலையில் கும்பகருணன் இராமனிடம் இரண்டே வரம் கேட்கிறான்: வீடணனைக் காப்பாய், மூக்கிழந்த இம்முகத்தைத் தேவர் காணாமல் தலையைக் கடலில் இடுவாய். இராமன் அவ்வாறே செய்தான்.

இரு அணிகளின் வாதங்கள்

கும்பகருணன் அணி செஞ்சோற்றுக் கடனை முன்வைக்கிறது. நல்வாழ்வில் உடனிருந்தவன் அழிவு வரும்போது விலகுவது அறமாகாது; அவன் உண்மையைச் சொன்னான், சொன்னபிறகும் கைவிடவில்லை. வீடணன் அணி, நன்றியைவிட நீதி பெரிது, தீயவனுக்குத் துணை நிற்பதும் தீமையே என்கிறது. இது வலுவான வாதமே. ஆனால் வீடணன் தன் முடிவால் அரசும் பெற்றான். கும்பகருணன் கேட்ட இரண்டு வரமும் அவனுக்கு உயிரோ அரசோ தருவனவல்ல. அதனால்தான் அவையோரின் நெஞ்சம் இறந்தவன் பக்கமே சாய்கிறது, சாய்வதும் நியாயமே.

தமிழகத்தில் இவ்விவாதத்துக்கு அரசியல் பக்கமும் உண்டு. 1943 பிப்ரவரி 9 அன்று சென்னைச் சட்டக் கல்லூரியில் ரா.பி. சேதுப்பிள்ளையோடும், மார்ச் 14 அன்று சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் அண்ணா கம்பராமாயணம் குறித்து வாதிட்டார். அவ்வுரைகள் 'தீ பரவட்டும்' என நூலாயின. இரக்கமற்றவன் என்று கம்பர் தீர்ப்பளித்த இராவணனுக்காக மறுவிசாரணை கேட்கும் நாடகமாக அவர் 'நீதிதேவன் மயக்க'த்தை எழுதினார். புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1946இல் வெளிவந்து, 1948இல் தடை செய்யப்பட்டு, 1971இல் தடை நீங்கியது. அந்த மேடைகளில் வீடணன் இனத்தைக் காட்டிக்கொடுத்தவனின் பெயராயிற்று. கும்பகருணன் மறுபேச்சின்றி மானமுள்ளவனானான்.

அசையும் உருவங்களில்

திரையில் படங்கள் அசையத் தொடங்குமுன்பே இக்கதை அசைந்தது. பாலக்காட்டுப் பகுதிப் பத்திரகாளி கோயில்களின் கூத்துமாடங்களில், 21 விளக்குகளின் ஒளியில், தோல் உருவங்களைத் திரைக்குப் பின்னால் நகர்த்திக் கம்பன் பாடல்களை இரவிரவாகப் பாடுகிறார்கள். தாரகனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் இராமாயணப் போரைக் காண முடியாத காளிக்காக இது நடத்தப்படுவதாக ஐதிகம். பல இரவுகளில் எதிரே ஒருவரும் இருப்பதில்லை. ஆயினும் புலவர்கள் ஒரு பாட்டை எடுத்து, பொருள் விரித்து, தமக்குள் வினவி, விடை சொல்கிறார்கள். இராமன் பக்கத்தைவிட அரக்கர் பக்கத்து நியாயத்துக்கு அங்கே நேரம் குறைவதில்லை. இக்கலையின் மூத்த கலைஞர் இராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ அளிக்கப்பட்டது.

பழனியும் இடும்பனும்

தோற்ற பக்கத்து வீரனுக்கு மதிப்பளிக்கும் இம்மனப்பாங்கைப் பழனி மலைப் பகுதியில் கண்ணால் காணலாம். சூரபதுமன் படையழிவில் எஞ்சிய அசுரனான இடும்பன், அகத்தியருக்காகச் சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளைத் தோளில் சுமந்து வந்தான். பழனியில் இறக்கிவைத்த குன்றை மீண்டும் தூக்க முடியவில்லை. குன்றின்மேல் நின்ற சிறுவன் முருகன் என்று அறியாமல் அவனோடு பொருது வீழ்ந்தான். பின் உயிர்பெற்று வாயிற்காவலன் ஆனான். காவடி எடுக்கும் வழக்கமே அவன் சுமையிலிருந்து பிறந்தது என்பர். மலையேறுவோர் வழியிலுள்ள இடும்பன் சந்நிதியை வணங்கியே மேலே செல்கிறார்கள்; அருகிலுள்ள குன்றுக்கும் இடும்பன் மலை என்றே பெயர். தைப்பூசத்திலும் பங்குனி உத்திரத்திலும் காவடி சுமப்பவர், தம் தலைவனை எதிர்த்துப் பிழை செய்த ஒரு போர்வீரனின் பாரத்தையே தோளில் ஏற்றுகிறார். பிழைத்தவனின் பெருமையைப் பிழையோடு சேர்த்தே போற்றலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. கும்பகருணன் அணியின் வாதமும் இதுவே.

இன்றைய நிலை

சாலமன் பாப்பையா, திண்டுக்கல் ஐ. லியோனி ஆகியோரால் பட்டிமன்றம் தொலைக்காட்சிக்கும் கேளிக்கை மேடைக்கும் சென்று, குடும்பம், திரைப்பாடல் எனத் தலைப்புகள் மாறின. காப்பிய வழக்குகள் கம்பன் கழக விழாக்களில் தொடர்கின்றன. யூகோ சாகோ, கோய்ச்சி சசாகி, ராம் மோகன் ஆகியோர் இயக்கிய இராமாயண அசைபடம் 2025 ஜனவரியில் தமிழிலும் திரையரங்குகளுக்கு வந்தது. 2021இல் தொடங்கிய 'தி லெஜண்ட் ஆஃப் ஹனுமான்' அசைபடத் தொடரிலும் கும்பகருணன் வருகிறான். அவற்றைப் பார்க்கும் பிள்ளைகளும் அவன் ஏன் தம்பியோடு போகவில்லை என்றே கேட்கிறார்கள்.