பெரிய வட்டின் படிமத்தைச் சிறிய வட்டில் இறக்குதல்

வட்டுப் படிமம் என்பது ஒரு ஹார்ட் டிஸ்கை அதன் பார்ட்டிஷன் அட்டவணை, பூட் நிரல், இயங்குதளம், கோப்புகள் எல்லாவற்றோடும் சேர்த்துப் பிடித்து வைத்த நகல். தொழிலில் இருப்பவர்கள் ‘இமேஜ்’ என்றே சொல்வார்கள். 500 ஜிபி ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு 240 அல்லது 480 ஜிபி எஸ்எஸ்டி பூட்டும் வழக்கம் பரவியபின், அப்படி எடுத்த இமேஜைக் கொள்ளளவு குறைந்த வட்டில் இறக்குவது அன்றாட வேலையாகிவிட்டது. பழைய வட்டில் 70 ஜிபிதான் நிரம்பியிருக்கும். புதியதில் அதைப்போல மூன்று மடங்கு இடம் இருக்கும். ஆனாலும் இலக்கு வட்டு சிறியது என்று மென்பொருள் கைவிரித்துவிடும். தரவு எவ்வளவு என்பதை அது பார்ப்பதில்லை, எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறது.

வட்டு என்பது 0 முதல் எண்ணிடப்பட்ட செக்டார்களின் வரிசை. 500 ஜிபி என விற்கப்படும் வட்டில் 512 பைட் அளவுள்ள செக்டார்கள் 97,67,73,168. 480 ஜிபி எஸ்எஸ்டியில் 93,77,03,088. விண்டோஸ் இவற்றை 465 என்றும் 447 என்றும் காட்டும். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான். கவனிக்க வேண்டியது இடையில் விழும் ஏறத்தாழ 3.9 கோடி செக்டார்களை. அந்த எண்களைச் சுட்டும் ஒரு கோப்பு இருந்தாலும் புதிய வட்டில் அதற்கு முகவரியே கிடையாது.

இமேஜ் எந்த வகை என்பதைப் பொறுத்துத்தான் வேலை எளிதா கடினமா என்பது தெரியும். யுனிக்ஸின் ‘டிடி’ கட்டளை எடுப்பது பச்சை நகல்: வெற்றிடம் உட்பட ஒவ்வொரு செக்டாரும் அப்படியே. தைவானில் உருவான குளோன்ஸில்லா, பார்ட்குளோன் என்ற கருவியின் துணையோடு, நிரம்பிய பிளாக்குகளை மட்டும் சேமிக்கிறது. இமேஜ் கோப்பு சிறுத்துவிடுவதால் சிறிய வட்டிலும் ஏறிவிடும் என்று பலர் நம்பி ஏமாறுவது இங்கேதான். பிளாக் எந்த எண்ணிலிருந்து எடுக்கப்பட்டதோ அதே எண்ணில்தான் திரும்பி எழுதப்படும். ஆகவே இலக்குப் பார்ட்டிஷன் மூலத்துக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும் என்பது அதன் விதி. வட்டின் அளவைச் சரிபார்க்காமல் தாண்டிச் செல்லும் விருப்பமும் அதில் உண்டு. வட்டின் கடைசிப் பகுதி பார்ட்டிஷன் எதிலும் சேராத வெற்றிடமாக இருந்தால் அது உதவும். மற்றபடி அது சிவப்பு விளக்கைத் துணியால் மூடுவதுதான்.

மூன்றாவது வகை கோப்பு அடிப்படையிலானது. விண்டோஸ் விஸ்டாவோடு வந்த விம் வடிவம் செக்டார் எண்களைப் பொருட்படுத்துவதில்லை; கோப்புகளையும் அவற்றின் உரிமைகளையும் மட்டும் சுமக்கிறது. புதிய வட்டில் விரும்பிய அளவில் பார்ட்டிஷன் போட்டு, டிஸ்ம் கருவியால் விரித்து, பிசிடிபூட் கொண்டு பூட் கோப்புகளை எழுதினால் முடிந்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 1995இல் பிறந்து 1998இல் சைமன்டெக் வசமான கோஸ்ட் மென்பொருளும் இறக்கும்போதே பார்ட்டிஷனைச் சுருக்கித் தந்ததால்தான் நிறுவனங்களில் அவ்வளவு காலம் நிலைத்தது. பல கணினிகளில் ஒரே அமைப்பை இறக்குபவர் தொடக்கத்திலேயே கோப்பு வகையைத் தேர்ந்துகொண்டால் இந்தக் கட்டுரையின் எஞ்சிய பகுதி அவருக்குத் தேவைப்படாது.

மற்ற இரு வகைகளுக்கு ஒரே சரியான வரிசைதான்: முதலில் மூல வட்டில் பார்ட்டிஷனைச் சுருக்கு, பிறகு இமேஜ் எடு. சுருக்கும்போதும் உள்ளே இருக்கும் கோப்பு முறைமையை முதலில், அதைச் சூழ்ந்த பார்ட்டிஷனைப் பிறகு. முறையை மாற்றினால் கோப்பு முறைமையின் வால் துண்டாகும். பார்ட்டிஷன்களை மாற்றும் ஜிபார்ட்டட் மென்பொருள் இரண்டையும் சேர்த்தே செய்வதால் இந்தத் தவறுக்கு அங்கே இடமில்லை.

விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சுருக்கப் போனால் ஒரு வேடிக்கை நடக்கும். 465 ஜிபியில் 70 மட்டுமே நிரம்பியிருந்தாலும் பாதிக்கு மேல் சுருங்க மாட்டேன் என்று நிற்கும். இயங்கிக்கொண்டிருக்கும் விண்டோஸால் நகர்த்த முடியாத ஏதோ ஒரு கோப்பு நடுவில் கிடக்கிறது என்று பொருள். பேஜ்ஃபைல், ஹைபர்னேஷன் கோப்பு, சிஸ்டம் ரீஸ்டோர் சேமிப்புகள் ஆகியவையே வழக்கமான குற்றவாளிகள். அது எந்தக் கோப்பு என்று ஊகிக்க வேண்டியதில்லை. ஈவென்ட் வியூவரின் அப்ளிகேஷன் பதிவில் 259 என்ற எண்ணுள்ள நிகழ்வு அதன் பெயரையே சொல்லிவிடும். மூன்றையும் தற்காலிகமாக நிறுத்தி மறுபடி பூட் செய்து சுருக்கினால் பெரும்பாலும் வழிக்கு வரும். அதற்கும் அசையாவிட்டால் விண்டோஸை அணைத்துவிட்டு லைவ் யுஎஸ்பியிலிருந்து ஜிபார்ட்டட் ஓட்ட வேண்டும். பிட்லாக்கர் குறியாக்கம் போட்ட வட்டை வெளியிலிருந்து பார்த்தால் பொருளற்ற பைட்டுகள்தான். நிரம்பிய பிளாக் எது, காலி எது என்று பிரித்தறிய முடியாது. எனவே முதலில் அதை முழுமையாக அவிழ்க்க வேண்டும்.

லினக்ஸில் நிலைமை கோப்பு முறைமையைப் பொறுத்தது. எக்ஸ்ட்4, மவுன்ட் செய்யாத நிலையில் தாராளமாகச் சுருங்கும். எக்ஸ்எஃப்எஸ் வளரும், ஆனால் சுருங்காது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அதில் கோப்புகளை நகலெடுத்துப் புதிய முறைமையில் கொட்டுவதே வழி.

வட்டின் கடைசிப் பகுதி தனிக் கவனம் கேட்கிறது. ஜிபிடி வகைப் பார்ட்டிஷன் அட்டவணையின் மாற்றுப் பிரதி வட்டின் கடைசி செக்டார்களில் இருக்கும். பச்சை இமேஜைச் சிறிய வட்டில் எழுதினால் அது வந்து சேராது. எஸ்ஜிடிஸ்க் கருவிக்கு ‘-இ’ விருப்பம் கொடுத்தால் புதிய வட்டின் முடிவில் அதை மீண்டும் எழுதிவிடும். இதைவிடச் சிக்கலானது விண்டோஸ் 10இன் பிற்காலப் பதிப்புகள் சி பார்ட்டிஷனுக்கு வலப்புறம், வட்டின் முடிவில் வைக்கும் ரெக்கவரி பார்ட்டிஷன். சியை மட்டும் சுருக்கினால் வெற்றிடம் நடுவில் விழும், ரெக்கவரி விளிம்பிலேயே தொங்கும். ஜிபார்ட்டட் கொண்டு அதை இடப்புறம் நகர்த்திய பிறகே கடைசிப் பகுதி உண்மையில் காலியாகிறது.

ராஸ்பெரி பை வைத்திருப்பவர்களுக்கு இதே தொல்லை சிறு உருவில் வரும். 32 ஜிபி என்று எழுதிய இரு நிறுவனங்களின் மெமரி கார்டுகளில் ஒன்றில் சில மெகாபைட் குறைவாக இருக்கும். அதற்காகவே இமேஜ் ஏறாமல் போகும். பைஷ்ரிங்க் என்ற ஸ்கிரிப்ட் இமேஜ் கோப்புக்குள்ளேயே எக்ஸ்ட்4ஐச் சுருக்கி வாலை வெட்டி, முதல் பூட்டில் கார்டின் அளவுக்கு விரியும்படி செய்துவிடும். மூல வட்டு கையைவிட்டுப் போய் பச்சை இமேஜ் மட்டும் மிஞ்சியவர்களும் இதே வழியைப் பின்பற்றலாம்: லினக்ஸில் இமேஜை லூப் சாதனமாக இணைத்தால் அது உண்மையான வட்டு போலவே நடந்துகொள்ளும், சுருக்கும் வேலையை அங்கே செய்யலாம். மூல இமேஜில் கை வைக்காமல் அதன் நகலில் செய்ய வேண்டும்.

இறக்கி முடித்த பின் பழைய வட்டைக் கழற்றிவிட்டே முதல் பூட் செய்ய வேண்டும். இரண்டிலும் ஒரே அடையாள எண்கள் இருப்பதால் விண்டோஸ் அவற்றில் ஒன்றை ஆஃப்லைன் ஆக்கிவிடும். லினக்ஸ் எந்த வட்டை மவுன்ட் செய்யும் என்பது நிச்சயமில்லை. எக்ஸ்பி காலத்து இமேஜ் என்றால் பார்ட்டிஷன் 63ஆம் செக்டாரில் தொடங்கியிருக்கும். எஸ்எஸ்டியின் பக்க எல்லைகளோடு அது பொருந்தாமல் எழுதும் வேகம் குறையும். அதை 2048ஆம் செக்டாருக்கு நகர்த்துவது நல்லது. வெற்றியாகப் பூட் ஆன பிறகும் பழைய வட்டை உடனே அழிக்காமல் ஒன்றிரண்டு வாரம் அலமாரியில் வைத்திருப்பது இத்தொழிலில் எழுதப்படாத வழக்கம்.