அச்சகத்தில் பிறந்த குளிர்

குளிரூட்டிக்கும் பத்திரிகைத் தொழிலுக்கும் உள்ள பழைய உறவைப் பற்றி எழுத வேண்டுமென்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். அதற்கு முன்னர், அந்த இயந்திரம் ஒன்றை நானும் என் தம்பியும் எங்கள் கையாலேயே பூட்டித் தோற்ற கதையைச் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

2018 ஆம் ஆண்டு கோடையில் கனடா சென்று, ஸ்காபரோவில் வசிக்கும் தம்பியின் வீட்டில் தங்கியிருந்தேன். எண்பது வயதைத் தாண்டிய எங்கள் தாயார் அவனோடுதான் இருந்தார். மாடிப்படி ஏற இயலாத அவருக்காக, வீட்டின் பின்புறத்தில் ஓர் அறையைச் சேர்த்துக் கட்டியிருந்தான். அந்நாட்டு வீடுகளில் நிலக்கீழ் அறையில் உள்ள உலை, தகரக் குழாய்களின் வழியாக ஒவ்வோர் அறைக்கும் சூடான காற்றை அனுப்புகிறது. புதிய அறைக்கு அந்தக் குழாய் எட்டவில்லை. கோடையில் வெக்கை, மாரியில் உறைகுளிர். ஆகவே காற்றுக்குழாய் தேவைப்படாததும், ஒரே இயந்திரமே சூட்டையும் குளிரையும் தரவல்லதுமான 'ஸ்பிளிட்' குளிரூட்டி ஒன்றை வாங்கினான். பூட்டுவதற்குக் கேட்கப்பட்ட கூலி, இயந்திரத்தின் விலையை விட அதிகமாக இருந்தது.

"அண்ணை, நாங்களே பூட்டுவம்" என்றான் தம்பி.

அவனுடைய துணிவு எனக்கு வியப்பளிக்கவில்லை. 1990 க்குப் பின்னர் மின்சாரமே இல்லாதிருந்த யாழ்ப்பாணத்தில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டவன் அவன். நாலு சொட்டுப் பெற்றோலில் கிளப்பி, மண்ணெண்ணெய்யில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய தலைமுறை அது. கழற்றத் தெரிந்தவனுக்குப் பூட்டவும் தெரியும் என்பது அந்தத் தலைமுறையின் வேதவாக்கு. கலைப்பட்டதாரியான எனக்கு ஒதுக்கப்பட்ட பணி, இயந்திரத்தோடு வந்த கைநூலை உரத்து வாசிப்பது மட்டுமே.

நிற்க. இந்த இயந்திரத்தின் வரலாற்றுக்கு வருவோம்.

திரவம் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அந்த ஆவியை அமுக்கி மீண்டும் திரவமாக்கினால் உறிஞ்சிய வெப்பத்தை வெளிவிடுகிறது. இதுவே குளிரூட்டியின் முழுத் தத்துவமும். இத்தத்துவத்தில் இயங்கும் இயந்திரத்தை வணிக அளவில் முதலில் ஓட்டியவர்களுள் ஒருவர், ஒரு பத்திரிகை ஆசிரியர் என்பது பலருக்குத் தெரியாது. ஸ்கொட்லாந்தில் பிறந்து, அச்சுத்தொழில் பயின்று, அவுஸ்திரேலியாவுக்குச் சென்ற ஜேம்ஸ் ஹரிசன் என்பவரே அவர். 1840 இல் தொடங்கிய 'ஜீலோங் அட்வர்டைசர்' பத்திரிகையின் முதல் ஆசிரியராக இருந்து, பின்னர் அதன் உரிமையாளருமானார். அச்செழுத்துக்களை ஈதரால் கழுவும்போது, அது ஆவியாகிய பின்னர் உலோகம் சில்லென்று குளிர்ந்திருப்பதை அவர் கவனித்ததாகச் சொல்லப்படுகிறது. நான் தொழிலுக்கு வந்த காலத்திலும் அச்சுக்கோப்பவர்கள் ஈய எழுத்துக்களை மண்ணெண்ணெய்யால் கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குளிர்ச்சியை எத்தனையோ கைகள் உணர்ந்திருக்கும். ஏன் என்று கேட்டவர் ஹரிசன். பார்வன் ஆற்றங்கரையில் பனிக்கட்டி செய்யும் இயந்திரத்தை அமைத்து, 1850களின் நடுப்பகுதியில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

ஆனால் அவருடைய வாழ்க்கை வெற்றிக் கதையன்று. கடன் பெருகிப் பத்திரிகையை இழந்தார். 1873 இல் 'நோர்போக்' என்ற கப்பலில் உறைந்த இறைச்சியை இங்கிலாந்துக்கு அனுப்பினார். கப்பலில் குளிரூட்டும் இயந்திரத்தைப் பொருத்தாமல், பனிக்கட்டி நிரப்பிய குளிரறையை நம்பினார். கணித்ததைவிட விரைவாகப் பனிக்கட்டி தீர்ந்துபோக, இறைச்சி வழியிலேயே பழுதடைந்தது. தத்துவம் சரியாக இருந்தது; சறுக்கியது நடைமுறையில். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது உறவு அமெரிக்காவில் நேர்ந்தது. நியூ யோர்க்கின் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்தில், கோடைக்கால ஈரப்பதத்தால் தாள் விரிந்து சுருங்கியது. ஒரு நிறத்தின்மேல் அடுத்த நிறம் சரியாகப் பொருந்தவில்லை. அச்சகத்தில் வேலை செய்தவர்களுக்கு இந்தத் தலைவலியை விளக்க வேண்டியதில்லை. இதற்குத் தீர்வு காணும்படி பணிக்கப்பட்ட வில்லிஸ் கரியர் என்ற இளம் பொறியியலாளர், 1902 இல் காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் முறையொன்றை வடிவமைத்தார். நவீன குளிரூட்டி அவ்வாறுதான் பிறந்தது: மனிதனுக்காக அன்று, தாளுக்காக! தொண்ணூறுகளில் நான் பணியாற்றிய கொழும்புப் பத்திரிகை நிறுவனத்திலும், முதலில் குளிரூட்டப்பட்டது கணினிகள் இருந்த அறைதான். ஆசிரியபீடத்தில் நாங்கள் வியர்த்துக்கொண்டிருந்தோம். வரலாறு தன் வழக்கத்தை மாற்றவில்லை.

மனிதனின் முறை வந்தபோது, எந்த வாயுவைப் பயன்படுத்துவது என்ற கேள்வி எழுந்தது. ஈதர் தீப்பற்றக்கூடியது. அமோனியாவும் கந்தகவீரொக்சைட்டும் நச்சுத்தன்மை வாய்ந்தவை. மூட்டில் சிறு கசிவு ஏற்பட்டாலும் உயிராபத்து. 1930 இல் தோமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்க இரசாயனவியலாளர், தாம் உருவாக்கிய புதிய வாயுவை அறிஞர் சபையின் முன்னிலையில் மூச்சாக இழுத்து, மெழுகுவர்த்தியின்மேல் ஊதி அணைத்துக் காட்டினார். நஞ்சுமில்லை, நெருப்புமில்லை. 'பிரியோன்' என்ற பெயரில் அது வீடுகளுக்குள் புகுந்தது. கசிந்தால் என்ன, காற்றோடு போகட்டும் என்று உலகம் நாற்பது ஆண்டுகள் நிம்மதியாக இருந்தது.

காற்றோடு போனது எங்கே போனது என்று 1974 இல் மொலினாவும் ரோலண்டும் கேட்டார்கள். சூரியனின் புறஊதாக் கதிரைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அது அரிக்கிறது என்பது அவர்களுடைய முடிவு. 1985 இல் அந்தாட்டிக்காவின் மேல் ஓசோன் பெரிதும் குறைந்திருப்பதைப் பிரித்தானிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். 1987 இல் மொன்றியல் உடன்படிக்கை கைச்சாத்தானது. அதன்பின் வந்த புதிய வாயுக்கள் ஓசோனைத் தொடவில்லை. ஆனால் பூமியைச் சூடாக்கின. எங்கள் இயந்திரத்தில் இருந்த ஆர்-410ஏ என்ற வாயுவின் ஒரு கிலோ, இரண்டாயிரம் கிலோவுக்கு மேற்பட்ட காபனீரொக்சைட்டுக்குச் சமம். 2016 இல் கிகாலியில் செய்யப்பட்ட திருத்தம் இவற்றையும் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது. இன்று அவற்றின் இடத்துக்கு வந்துகொண்டிருக்கும் ஆர்-32 சிறிதளவு தீப்பற்றக்கூடியது. புரோப்பேன் நன்றாகவே தீப்பற்றும். ஹரிசனின் ஈதரில் தொடங்கிய வட்டம் ஏறத்தாழப் பூர்த்தியாகிவிட்டது.

இயந்திரத்தை இரண்டாகப் பிரித்தது யப்பானியரின் கைங்கரியம். பெரிய குழாய்களுக்கு இடமில்லாத சிறிய வீடுகள். இரைச்சலைச் சகிக்காத அயலவர்கள். ஆகவே அமுக்கியை வெளியே வைத்து, காற்றாடியை உள்ளே சுவரில் மாட்டி, இரண்டையும் செப்புக் குழாய்களால் இணைத்தார்கள். 1968 இல் மிட்சுபிஷி எலெக்ரிக் நிறுவனம் வெளியிட்ட சுவர் குளிரூட்டியே இன்று நாம் எங்கும் காணும் வடிவத்தின் மூத்த உறவு. 1980களின் தொடக்கத்தில் தொஷிபா புகுத்திய 'இன்வேர்ட்டர்' முறையால், தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் அமுக்கி வீடுகளுக்கு வந்தது. வாயுவின் ஓட்டத்தைத் திருப்பிவிட்டால் அதே இயந்திரம் மாரியில் வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை உள்ளே கொணரும். வெளியே பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை என்றால் அங்கே வெப்பமேது என்று நீங்கள் கேட்கலாம். அந்த வாயு பூச்சியத்துக்குக் கீழே 50 பாகையிலேயே கொதித்துவிடும். அதற்கு அந்தக் குளிரும் சூடுதான்.

இயந்திரத்தை இரண்டாகப் பிரித்ததில் ஒரு விலையும் இருந்தது. யன்னலில் பொருத்தும் பழைய குளிரூட்டியின் மூட்டுக்கள் அனைத்தும் தொழிற்சாலையிலேயே அடைபட்டவை. இதிலோ, கடைசி மூட்டுக்களைப் பூட்டும் பொறுப்பு வீட்டுக்கு வருபவரின் கையில் விடப்பட்டிருக்கிறது.

எங்கள் வேலை ஒரு சனிக்கிழமை காலை தொடங்கியது. தாங்குதகட்டை மட்டம் பார்த்து அறைந்தோம். தண்ணீர் வெளியே வடியும்படி சிறிது சரிவாகச் சுவரைத் துளைத்தோம். வெளி இயந்திரத்தை, பனி மூடாத உயரத்தில் இரும்புத் தாங்கியில் ஏற்றினோம். மின்னிணைப்பை மட்டும் அனுமதி பெற்ற மின்வினைஞர் ஒருவர் செய்து தந்தார். பின்னர் செப்புக் குழாய். அதை வெட்டி, பிசிறு நீக்கி, நுனியைப் புனல்போல விரித்து, சுரையால் இறுக்க வேண்டும். சுரையை முதலில் குழாயில் கோத்த பின்னரே நுனியை விரிக்க வேண்டும். விரித்த பின்னர்தான் சுரை மேசையில் கிடப்பதைக் கண்டோம். மீண்டும் வெட்டினோம்.

அடுத்து, குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வெற்றிடப் பம்பியால் உறிஞ்சி எடுக்க வேண்டும். ஈரம் எஞ்சினால் அது உள்ளே உறைந்து வழியை அடைக்கும். எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகும். இரவல் வாங்கிய பம்பியைக் கால் மணி நேரம் ஓட்டினோம். முள் அடிக்கு இறங்கியது. "அண்ணை, மிச்சத்தை வாசியுங்கோ" என்றான். "அவ்வளவுதான், திறக்கலாம்" என்றேன்.

அவ்வளவு அல்ல. அந்தப் பக்கத்தின் அடியில் இன்னொரு பந்தி இருந்தது. பம்பியை நிறுத்திவிட்டுக் காத்திருந்து, முள் மீண்டும் ஏறுகிறதா என்று பார்க்கச் சொல்லும் பந்தி. ஏறினால் கசிவு உண்டு என்று அர்த்தம். முக்கியமானது முதல் பந்தியில் இருக்கும். இடம் போதாவிட்டால் கடைசிப் பந்தியை வெட்டலாம் என்பது எங்கள் தொழிலில் முதல் நாள் கற்பிக்கும் பாடம். முப்பது ஆண்டுகளாக மற்றவர்களின் கடைசிப் பந்திகளை வெட்டிய கண், அன்றும் தன் பழக்கப்படி வெட்டிவிட்டது.

வால்வைத் திறந்தோம். குளிர்ந்த காற்று வந்தது. அம்மா கட்டிலில் இருந்தபடி, "பின்னேரத்து விறாந்தைக் காத்து மாதிரிக் கிடக்கு" என்றார். நல்லூர் வீட்டு விறாந்தையை நினைத்திருப்பார். நான் கொழும்புக்குத் திரும்பினேன்.

2019 தை மாதக் கடைசியில் கடுங்குளிர் ரொறன்ரோவைப் பிடித்த வாரம், நள்ளிரவில் அந்த அறை குளிர்ந்துவிட்டது. அம்மாவைத் தூக்கி வந்து கூடத்துச் சோபாவில் படுக்கவைத்தார்களாம். "தம்பி, உதுக்கு ஏன் கவலைப்படுறாய், எனக்கு இன்னொரு போர்வை காணும்" என்றாராம். மறுநாள் வந்த தொழில்நுட்பவியலாளர், அளவுக்கு மிஞ்சி இறுக்கியதால் செப்பு நுனியில் விழுந்திருந்த மயிரிழை வெடிப்பைக் காட்டினார். ஏறத்தாழ ஒரு கிலோ வாயுவில் பெரும்பகுதி போய்விட்டிருந்தது. பம்பியை நிறுத்திவிட்டு எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்று மட்டும் கேட்டாராம். தம்பி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஒன்ராறியோவில் அந்த வாயுவைக் கையாளச் சான்றிதழ் வேண்டும் என்பதும் எங்களுக்குப் பின்னர்தான் உறைத்தது.

அந்த இரவில் அம்மாவுக்கு ஒன்றும் நேரவில்லை. இரண்டு ஆண்டுகளின் பின்னர், வேறு காரணத்தால், அதே அறையில் காலமானார். அன்று இயந்திரம் சரியாகவே ஓடிக்கொண்டிருந்தது.

தாமே பூட்ட விரும்பும் வாசகர்களை நான் தடுக்கமாட்டேன். தாங்குதகடு, துளை, வடிகால், வெளித்தாங்கி எல்லாம் கைத்திறனுள்ள எவரும் செய்யக்கூடியவை. அந்தச் செப்பு மூட்டுக்களை மட்டும், அதற்கென்று பயின்றவரிடம் விட்டுவிடுங்கள். மிட்ஜ்லியின் வாயுவும் எங்கள் வாயுவும் சத்தமின்றி, மணமின்றிக் காற்றோடு போயின. கண்ணுக்குத் தெரியாமல் போனதற்குக் கணக்கு இல்லையென்று நினைத்தது அவருடைய காலத்தின் தவறு. அதற்கு முப்பது ஆண்டுகளாகக் கணக்குக் கேட்டுச் செய்தி எழுதிய பத்திரிகையாளர்களுள் நானும் ஒருவன்.

கைநூலை இப்போது கடைசிப் பந்தியிலிருந்து வாசிக்கிறேன்.