கம்பெனி சர்வீஸா, புதுப்பேட்டையா?

போன மாதம் தங்கை மகன் வீட்டுக்கு வந்திருந்தான். இரண்டே பேர் உட்காரக்கூடிய ஒரு ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் காரை செகண்ட் ஹாண்டில் வாங்கியிருக்கிறான். வாரண்டி முடிந்துவிட்டது. முன் பிரேக்கையும் சில்லறை வேலைகளையும் பார்க்க கம்பெனி சர்வீஸில் சொன்ன தொகை என்னுடைய ஐந்து மாத பென்ஷன். அதே கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்து, அம்பத்தூர் பக்கம் சொந்தமாக ஷெட் போட்டிருக்கும் ஒருவர் பாதிக்கும் குறைவாகச் சொல்கிறாராம். "மாமா, நீங்க என்ன சொல்றீங்க?" என்றான்.

நான் ஸ்டியரிங்கைத் தொட்டே எட்டு வருஷம் ஆகிறது. ஆனால் இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. சிந்தாதிரிப்பேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் 60 வருஷத்துக்கு முன்பே பெரியப்பா இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதனால் கொஞ்சம் பழைய கதையைச் சொல்கிறேன்.

மெட்ராஸில் மோட்டார் வந்த புதிதில் இந்தக் கேள்விக்கே இடம் கிடையாது. காரைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் குதிரை வண்டி செய்தவர்கள்தான். 1840-ல் தொடங்கிய சிம்ப்சன் கம்பெனி கோச் வண்டி கட்டிக்கொண்டிருந்தது. அங்கே இருந்த சாமுவேல் ஜான் கிரீன் 1903-ல் இங்கேயே ஒரு நீராவிக் கார் செய்து ஓட்டிக் காட்டினார். மவுண்ட் ரோட்டில் அடிசன், தெற்கே மதுரையில் டி.வி.எஸ். என்று வந்தபோதும் விற்றவனே பழுதும் பார்த்தான். வேறு யாரிடம் போவது? யுத்த காலத்தில் பெட்ரோல் ரேஷன் வந்தபோது, பஸ்ஸும் காரும் கரிவாயுவில் ஓட டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் செய்து கொடுத்தது நம் வயதுக்காரர்களுக்கு அப்பா சொல்லித் தெரிந்திருக்கும். "கம்பெனி ஒர்க்‌ஷாப்" என்ற சொல்லுக்கு அப்போது ஒரு மரியாதை இருந்தது.

அந்த மரியாதை குறைந்தது யாருடைய தப்பாலும் இல்லை, சர்க்கார் கொள்கையால். 1953-ல் டாரிஃப் கமிஷன் அறிக்கை வந்தது. இந்தியாவிலேயே பாகங்களைச் செய்யத் திட்டம் உள்ள கம்பெனிகளுக்கு மட்டும்தான் அனுமதி, பெட்டியில் வந்த பாகங்களைப் பூட்டி விற்கிறவர்களுக்கு இல்லை என்றாகிவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. நம் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் ஏ-40 காரைப் பூட்டி விற்றுக்கொண்டிருந்தது. அது 1955-ல் அசோக் லேலண்ட் ஆகி லாரி பக்கம் போய்விட்டது. ஆஸ்டின் வைத்திருந்தவர்கள், ஷெவர்லே வைத்திருந்தவர்கள், ஃபோர்டு வி-8 வைத்திருந்தவர்கள் எல்லாரும் நடுத்தெருவில் நின்றார்கள். கம்பெனியே போன பிறகு கம்பெனி சர்வீஸ் ஏது?

அவர்களைக் காப்பாற்றியது புதுப்பேட்டை. எங்கள் வீட்டிலிருந்து கூவத்தைத் தாண்டினால் வந்துவிடும். பழைய வண்டியைப் பிரித்துப் போட்டு, கியர் ஒரு குவியல், ஆக்ஸில் ஒரு குவியல், டைனமோ ஒரு குவியல் என்று வைத்திருப்பார்கள். இல்லாத பாகத்தை லேத் பட்டறையில் கடைந்து கொடுப்பார்கள். கமான் பட்டைக்கு ஒருவர், ரேடியேட்டருக்கு ஒருவர், டிங்கர் வேலைக்கு ஒருவர். புதுப் பாகம் வேண்டுமானால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. தூதரகக்காரர்கள் ஊருக்குப் போகும்போது விட்டுச் சென்ற வெளிநாட்டுக் கார்களை எஸ்.டி.சி. விற்கும். அப்படி வந்த ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் இந்தத் தெருக்கள்தான் கதி.

பெரியப்பாவின் கார் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் ஃபேக்டரியில் 1961-லிருந்து வந்துகொண்டிருந்தது. அது ஸ்போர்ட்ஸ் காரா என்று சிரிக்காதீர்கள். இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு 1959-ல் வந்தது. இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி போட்ட உருவம். அதே அடிச்சட்டத்தைச் சுருக்கித்தான் 1962-ல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு பேர் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். முன் சக்கர அமைப்பு இரண்டிலும் ஒன்றேதான். லோட்டஸ் கம்பெனிகூட தன் எலான் காரில் அந்த டிரையம்ப் பாகத்தை எடுத்துப் போட்டுக்கொண்டது. அம்பாசடரும் ஃபியட்டும் ஓடிய ஊரில், 948 சி.சி. எஞ்சினோடு நான்கு சக்கரமும் தனித்தனியாக ஆடுகிற வண்டி ஹெரால்டு ஒன்றுதான். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். பானெட் முழுசாக முன்பக்கம் கவிழும். மெக்கானிக் முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை செய்யலாம்.

ஹெரால்டு வாங்கியவர்களுக்கு அடுத்து வருவது சோழவரம் ஆசை. ஊருக்கு வடக்கே, கல்கத்தா ரோட்டில், யுத்த காலத்து விமான ஓடுதளம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. கோண்டல் மகாராஜா போன்றவர்கள் தங்கள் வெளிநாட்டுக் கார்களோடு வருவார்கள். நாங்கள் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போவோம். இந்த ஊர்க்காரர்கள் ஹெரால்டையும் ஃபியட்டையும் முடுக்கிவிட்டுக்கொண்டு சின்ன வண்டிகளின் பந்தயத்தில் ஓடுவார்கள். பெரியப்பா ஓடியது ஒரே ஒரு முறை, 1967-ல். எத்தனையாவதாக வந்தார் என்பதை அவர் கடைசி வரை சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஆரம்பத்தில் அவர் வண்டியைக் கம்பெனி அங்கீகாரம் பெற்ற ஒர்க்‌ஷாப்பில்தான் விட்டார். பெயர் வேண்டாம், இப்போது இல்லை. ஜாப் கார்டு, காக்கி யூனிஃபாரம், வெயிட்டிங் ரூமில் மின்விசிறி எல்லாம் உண்டு. ஆனால் பின் ஆக்ஸில் ஷாஃப்ட் ஒன்றுக்கு மூன்று மாதம் "ஸ்டாக் இல்லை சார்" என்றார்கள். வண்டி ஷெட்டில் நின்றது. அலுத்துப்போய் புதுப்பேட்டையில் ஒருவரிடம் கொண்டுபோனார். நாங்கள் எல்லாரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஸ்க்ரூ டிரைவரை எஞ்சின் மேல் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டு, எந்த டாப்பெட் சத்தம் போடுகிறது என்று சொல்லுவார். ஷாஃப்ட் இரண்டே நாளில் வந்தது. பந்தயத்துக்குப் பின் கமான் பட்டையைத் தாழ்த்திக் கொடுத்தவரும் அவர்தான். ஹெரால்டின் பின் சக்கரம் வேகமான வளைவில் உள்பக்கம் மடங்கப் பார்க்கும். தாழ்த்தினால் அது குறையும். அதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பத்து வண்டி பார்த்துத் தெரிந்துகொண்டது.

சோழவரம் முடிந்து ஒரு வாரம். ஞாயிற்றுக்கிழமை. பின் சீட்டில் நானும் தம்பியும். மெயின் ரோட்டிலிருந்து எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது 'டக்'கென்று ஒரு சத்தம். வண்டி முன்பக்கம் இடது புறமாகக் குப்புற விழுந்தது. இறங்கிப் பார்த்தால், இடது முன் சக்கரம் கோழியின் உடைந்த கால் மாதிரி பக்கவாட்டில் மடங்கிக் கிடக்கிறது. வேகம் பத்து மைல்கூட இருக்காது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் அதே சக்கரத்தை நம்பித்தான் போன ஞாயிறு ஓடுதளத்தில் 70 மைலில் அழுத்தியிருந்தார். அன்று ராத்திரி பெரியப்பா சாப்பிடவில்லை. பெரியம்மா, "காலையில இதை வித்துட்டுத்தான் மறு வேலை" என்றார்.

உடைந்தது ட்ரன்னியன் என்கிற இடம். சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தூணின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் இந்த மரை உள்ளே சுழல வேண்டும். கம்பெனியின் சர்வீஸ் புத்தகத்தில் அதற்குக் கெட்டியான கியர் ஆயில், ஈ.பி. 90, போடச் சொல்லி அச்சடித்திருக்கிறது. அந்த எண்ணெயை ஏற்றுவதும் கிரீஸ் கன்னால்தான். வினை அங்கேதான். கிரீஸ் கன்னைப் பார்த்தால் யாருக்குமே கிரீஸ் அடிக்கத்தான் தோன்றும். கிரீஸ் அந்த மரைக்குள் சரியாக இறங்காது, நாளாக ஆகக் காய்ந்து மெழுகாகிவிடும். மழைத் தண்ணீர் உள்ளே போய்த் தங்கி இரும்பைத் தின்னும். ஒரு நாள் ஒடியும். இங்கிலாந்திலும் இதே கதைதான், ஸ்பிட்ஃபயர் வைத்திருக்கிறவர்கள் இன்றைக்கும் இதைச் சொல்லிப் புலம்புவார்கள்.

பெரியப்பாவுக்குத் தெரிந்த, ஃபேக்டரிப் பக்கத்து எஞ்சினியர் ஒருவர் வந்து பார்த்தார். ஒடிந்த முனையில் பாதி பழைய துரு, பாதி புது உடைப்பு. "யார் இதுக்கு கிரீஸ் அடிச்சது?" என்றார்.

பாய் மாதா மாதம் தாராளமாக கிரீஸ் அடிப்பவர். எல்லாரும் அவரைத்தான் சொன்னார்கள். பெரியப்பா மட்டும் பீரோவிலிருந்து பழைய ஜாப் கார்டுகளை எடுத்துப் பரப்பினார். ஒர்க்‌ஷாப்பில் நடந்த நாலு சர்வீஸிலும் "கிரீஸிங்" என்று ஒரே ஒரு டிக். எண்ணெய் என்ற வார்த்தையே இல்லை. புத்தகம் வைத்திருந்தவர்களும் அதைத் திறந்து பார்த்தார்களா என்று தெரியாது. துரு எந்தக் கடையில் தொடங்கியது என்று யாரால் சொல்ல முடியும்?

பெரியப்பா அந்தப் பக்கத்தை பாய்க்குப் படித்து, தமிழில் சொன்னார். பாய் ஒன்றும் பேசவில்லை. பிரித்த வண்டி ஒன்றிலிருந்து வேறு தூணை எடுத்து வந்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, சாக்பீஸைத் தேய்த்துக் காட்டினார். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் வெள்ளையின் மேல் கோடாகக் கசியும். கசியவில்லை. வேலைக்குக் காசு வாங்கவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் பெரியப்பா முகத்தை நேராகப் பார்க்காமல்தான் பேசினார். அடுத்த முறை போனபோது சுவரில் ஒரு கிரீஸ் கன் தனியாக, சிவப்பு பெயிண்ட் அடித்துத் தொங்கியது. ஹெரால்டுக்கு மட்டும். உள்ளே எண்ணெய். பெரியம்மா சொன்னபடி வண்டியை விற்கவில்லை. 1979 வரை ஓடியது.

பிற்பாடு காட்சி மாறியது. 1983 டிசம்பரில் மாருதி வந்தது. பாகம் கிடைத்தது, விலைப் பட்டியல் இருந்தது, சொன்ன நாளில் வண்டி கிடைத்தது. ஜனங்கள் கம்பெனி சர்வீஸுக்குத் திரும்பினார்கள். எண்பதுகளின் கடைசியில் ஸ்டாண்டர்ட் கார் நின்றுபோனது, ஹெரால்டுகள் மொத்தமாகப் புதுப்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தன. (அந்த மாருதி 800 எஞ்சினையே எடுத்து, கோயம்புத்தூர் கரிவர்தன் ஒற்றை ஆள் பந்தயக் கார்கள் செய்தார். அதற்கு டீலர் கிடையாது, செய்தவர்தான் எல்லாம். அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.)

அதன் பிறகு கார்புரேட்டர் போய் கம்ப்யூட்டர் வந்தது. ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்தால் கம்ப்யூட்டர் பேசுமா? கோளாறு என்ன என்று படிக்கும் கருவியை கம்பெனிகள் தங்கள் டீலர்களுக்கு மட்டும் கொடுத்தன. அசல் பாகத்தை வெளிக்கடையில் விற்கவும் விடவில்லை. இது நியாயமா என்று ஒருவர் காம்பெடிஷன் கமிஷனில் மனுப் போட்டார். 2014 ஆகஸ்டில் தீர்ப்பு: 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம். வெளி மெக்கானிக்குகளுக்கும் பாகமும் கருவியும் தகவலும் கிடைக்கச் செய்ய வேண்டும், வெளியே காட்டினால் வாரண்டி போய்விடும் என்று ஒரேயடியாக மிரட்டக்கூடாது என்றும் சொன்னார்கள். கம்பெனிகள் அப்பீல் போயின. அமெரிக்காவில் வாரண்டியைச் சொல்லிக் கட்டிப்போடக் கூடாது என்று 1975-லேயே சட்டம் வந்தாயிற்று. நாம் கொஞ்சம் தாமதம். பாய் இருந்திருந்தால் சிரித்திருப்பார். அவரிடம் யாரும் புத்தகத்தை மறைக்கவில்லை, கொடுக்கவும் இல்லை.

தங்கை மகனிடம் இவ்வளவும் சொன்னேன். பாதியில் ஃபோனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். அதனால் சுருக்கமாக, "அம்பத்தூர்க்காரர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளு. உன் வண்டிக்கு எந்த பிரேக் ஆயில், அது எங்க எழுதியிருக்குன்னு காட்டச் சொல்லு. கம்பெனியிலயும் அதையே கேளு" என்றேன். ஏர்பேக், கம்ப்யூட்டர் சமாசாரம் எதுவானாலும் அம்பத்தூர்க்காரரிடம் கருவி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விடு என்றும் சொன்னேன்.

கேட்டிருக்கிறான். கம்பெனி கவுண்டரில் இருந்த பெண், "எல்லாம் ஸ்டாண்டர்டா போடுவாங்க சார்" என்றாளாம். அம்பத்தூர்க்காரர் ஒரு கட்டு ஜெராக்ஸைத் தூக்கிப் போட்டு, மஞ்சள் கோடு போட்ட பக்கத்தைக் காட்டியிருக்கிறார். வண்டியை அங்கேயே விட்டுவிட்டான்.

போன வாரம் வண்டி வந்தது. என்னை ஏற்றிக்கொண்டு பீச் வரைக்கும் ஒரு சுற்று போனான். பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது. அவ்வளவு தாழ்ந்த சீட்டிலிருந்து என்னை எழுப்பி வெளியே எடுக்கத்தான் அவனும் வாட்ச்மேனும் சேர்ந்து கை கொடுக்க வேண்டியிருந்தது.